மூன்றும் சேருமிடம் கண்மாய்

அன்புள்ள கயல்விழிக்கு,

மாமா எழுதுவது.  

பள்ளிச் சுற்றுச்சூழல் மன்றத்தில் பேச நீர், உணவு, குப்பை என்று மூன்று தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள், எதை எடுக்கட்டும் என்று கேட்டிருந்தாய். மூன்றையும் சேர்த்தே எடு. மதுரையில் இந்த மூன்றும் ஒரே இடத்தில் வந்து கூடுகின்றன. அந்த இடம் கண்மாய்.

நம் சமவெளிக்கு ஆண்டு மழை சுமார் 850 மில்லிமீட்டர். அதில் கணிசமான பங்கு ஐப்பசி, கார்த்திகையில் சில வாரங்களுக்குள் கொட்டித் தீர்த்துவிடும். வைகையும் ஆண்டு முழுக்க ஓடுகிற ஆறு கிடையாது. சில நாள் மழையைப் பல மாதத்துக்கு வைத்துப் பிழைக்க முன்னோர் கண்ட வழிதான் கண்மாய்ச் சங்கிலி. வரத்துக்கால் நீரைக் கொண்டுவரும், கரை தேக்கும், மடை வயலுக்குத் திறக்கும். நிறைந்து மிஞ்சியது கலுங்கு தாண்டி மறுகால் பாய்ந்து அடுத்த கண்மாய்க்குப் போகும். மேலூரின் மிச்சம் கீழூருக்கு வரத்து.

கோடையில் கண்மாய் வற்றியதும் உழவர்கள் வண்டி கட்டி வந்து அடியில் படிந்த கரம்பை மண்ணை அள்ளி வயலில் கொட்டுவார்கள். கண்மாய் ஆழப்படும், வயல் உரம் பெறும். இன்றும் வட்டாட்சியரிடம் அனுமதி வாங்கி உழவர்கள் வண்டலை இலவசமாக எடுக்கலாம். நீரைத் தேக்கியதும் சோறு விளைந்ததும் அடியில் தங்கிய கழிவு உரமானதும் ஒரே ஏற்பாட்டுக்குள் நடந்தன. இதைத்தான் நீ முதலில் மனத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும்.

இந்த ஏற்பாடு எங்கே அறுந்தது என்பதைச் செல்லூரில் பார்க்கலாம். சாத்தையாற்றுப் பக்கத்துக் கண்மாய்களின் மிச்ச நீர் செல்லூர் கண்மாய்க்கு வந்து, பந்தல்குடி கால்வாய் வழியே வைகையில் சேர வேண்டும். 2024 அக்டோபர் 25 அன்று சில மணி நேரம் பெய்த பெருமழையில் செல்லூர், நரிமேடு, பி.பி. குளம் பகுதிகளில் வீடுகளுக்குள் வெள்ளம் புகுந்தது. அந்த நீர் புதிதாக எங்கிருந்தும் வரவில்லை. அது போக வேண்டிய பாதை குறுகிக் கிடந்தது, குப்பையும் ஆகாயத்தாமரையும் அடைத்துக் கிடந்தன.

ஆகாயத்தாமரை ஏன் அப்படிப் பெருகுகிறது தெரியுமா? சாக்கடை நீரில் நைட்ரஜனும் பாஸ்பரஸும் நிறைந்திருக்கின்றன. பயிருக்கு உழவர் காசு கொடுத்து வாங்கிப் போடுகிற சத்துகளும் அவைதான். நாம் தின்ற சோற்றின் சத்து வயலுக்குத் திரும்பாமல் கண்மாயில் களை வளர்க்கிறது. அந்தக் களை நீரை அடைக்கிறது, அடைபட்ட நீர் வீட்டுக்குள் வருகிறது. குப்பை, உணவு, நீர் மூன்றும் இங்கே எப்படிப் பின்னிக் கிடக்கின்றன பார்! நகருக்குள் கிருதுமால் நதி சாக்கடையாக ஓடுவதும் இந்தக் கதைதான்.

பாதையைத் திறந்துவிட்டால் நீர் தானாக வரும் என்பதற்கும் மதுரையில் சான்று உண்டு. வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளம் 1645இல் திருமலை நாயக்கர் காலத்தில் வெட்டியது. நான் பார்க்கப் பல ஆண்டுகள் அது வறண்டு கிடந்தது. தெப்பத் திருவிழாவுக்கு நீர் விடுவார்கள், மற்ற நாளெல்லாம் பையன்கள் உள்ளே கிரிக்கெட் ஆடுவார்கள். வைகையிலிருந்து நீர் கொண்டுவரும் பனையூர்க் கால்வாயைச் சீர்செய்த பிறகு குளத்தில் மறுபடி நீர் நிற்கிறது. புதுக் குளம் எதுவும் வெட்டவில்லை. பழைய வழியைத் திறந்தார்கள், அவ்வளவுதான்.

இனி, இப்படிச் சுழன்று வரும் செல்வத்தைப் பற்றிச் சிந்தித்த ஒரு மனிதரைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஜே.சி. குமரப்பா 1892இல் தஞ்சாவூரில் பிறந்தவர், லண்டனில் கணக்கியலும் அமெரிக்காவில் பொருளியலும் படித்தவர், காந்தியின் கிராமத் தொழில் பணிகளை முன்னின்று நடத்தியவர். தம் கடைசி ஆண்டுகளை நம் டி. கல்லுப்பட்டி காந்தி நிகேதன் ஆசிரமத்தில் கழித்து, 1960 ஜனவரி 30 அன்று மறைந்தார். 'எகானமி ஆஃப் பெர்மனென்ஸ்' என்ற அவருடைய நூலுக்குக் காந்தியே முன்னுரை எழுதினார். இயற்கைச் செல்வத்தை அவர் இரண்டாகப் பிரித்தார். நிலக்கரி, பெட்ரோலியம், உலோகம் போன்றவை தேங்கிய செல்வம், எடுக்க எடுக்கக் குறையும். மழை, வெயில், பயிர், மரம் போன்றவை ஓடிவரும் செல்வம், சுழற்சி கெடாதவரை வந்துகொண்டே இருக்கும். இரண்டாம் வகையை நம்பி வாழும் சமூகமே நிலைக்கும், முதல் வகைக்கான போட்டி சண்டையில் கொண்டுபோய் விடும் என்றார். நம் கண்மாய் இரண்டாம் வகை. ஆழ்துளைக் கிணற்றில் ஆயிரம் அடிக்குக் கீழிருந்து நாம் உறிஞ்சும் நீர் ஏறக்குறைய முதல் வகை. எந்தப் பொருளைக் கையில் எடுத்தாலும் இது எந்த வகை என்று கேட்டுப் பார்.

உணவிலும் இதே கேள்வி உண்டு. பேரணையிலிருந்து கள்ளந்திரி வரை சுமார் 45,000 ஏக்கர் இருபோகம் விளைவது, 1895இல் கட்டிமுடித்த பெரியாறு அணை நீரால். அந்த நீர் எட்டாத கல்லுப்பட்டி, பேரையூர் மானாவாரி நிலங்களில் குதிரைவாலி விளைகிறது. மதுரை வேளாண்மைக் கல்லூரி எம்.டி.யு. 1 என்ற குதிரைவாலி ரகத்தையே தந்திருக்கிறது. வாரத்தில் இரண்டு வேளை குதிரைவாலிச் சோறோ உப்புமாவோ உண்டால், வானம் பார்த்த பூமியின் உழவருக்கு அது கைகொடுக்கும். அரிசி வாங்கினால் அதிகம் தீட்டாததாக வாங்கச் சொல். தவிட்டோடு சத்தையும் நீக்கிவிட்டு வெள்ளையாக உண்பதைக் குமரப்பா கடுமையாக எதிர்த்தார்.

அடுத்தது குப்பை. அதில் பிளாஸ்டிக், தேங்கிய செல்வமான பெட்ரோலியத்தின் குழந்தை. தியாகராசர் பொறியியல் கல்லூரியின் பேராசிரியர் ஆர். வாசுதேவன், சூடாக்கிய ஜல்லியின் மேல் நறுக்கிய பிளாஸ்டிக்கைத் தூவிப் பூச்சாக உருக வைத்து, அதன் மேல் தார் கலந்து சாலை போடும் முறையைக் கண்டார். 2018இல் பத்மஸ்ரீ பெற்றார். ஏற்கெனவே குவிந்த கவருக்கு இது நல்ல வழி. நாளைக்கு வாங்கப்போகும் கவருக்கு மஞ்சப்பைதான் வழி. தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பொருள்களுக்குத் தடை 2019 ஜனவரி 1 முதல் இருக்கிறது. சட்டம் இருந்தும் கவர் கடையில் கிடைப்பது, நாம் கை நீட்டி வாங்குவதால்.

இப்போது நீ செய்ய வேண்டியவை.

வீட்டுக் காய்கறித் தோலையும் மிச்சச் சோற்றையும் குப்பை வண்டியில் கொட்டாதே. அடியிலும் பக்கத்திலும் துளையிட்ட மண்பானை இரண்டு போதும். அடியில் தேங்காய் நாரும் சருகும் பரப்பு. தினமும் ஈரக்கழிவு போட்டு அதன்மேல் ஒரு கைப்பிடி சருகு போடு, இடையிடையே புளித்த மோர் தெளித்துக் கிளறிவிடு. நாற்றம் வந்தால் ஈரம் கூடிவிட்டது, இன்னும் சருகு சேர். ஒரு பானை நிறைந்ததும் மூடிவைத்துவிட்டு மற்றதைத் தொடங்கு. இரண்டு மாதத்தில் உரம்.

மொட்டை மாடியைப் பார். ஆயிரம் சதுர அடியில் ஆண்டுக்கு ஏறக்குறைய 79,000 லிட்டர் மழை விழுகிறது. மழைநீர் சேகரிப்பு 2003இலேயே கட்டாயமாக்கப்பட்டது. உங்கள் வீட்டுக் குழாய் இன்னும் தொட்டிக்குப் போகிறதா, தெருவுக்குப் போகிறதா என்று ஐப்பசிக்கு முன்பே அப்பாவோடு சேர்ந்து சோதித்துப் பார்.

கடைசியாக, ஊராரோடு சேர். மேலூர் வட்டத்து அரிட்டாபட்டியை எண்ணிப் பார். ஏழு குன்றுகளும் இயற்கை ஊற்றுகளும் நிறைந்த அந்த ஊர், 2022 நவம்பரில் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலம் ஆனது. அதையும் உள்ளடக்கி நடந்த டங்ஸ்டன் சுரங்க ஏலத்தின் முடிவு 2024 நவம்பரில் அறிவிக்கப்பட்டபோது, சுற்று ஊர்களெல்லாம் கிளம்பின. 2025 ஜனவரியில் ஆயிரக்கணக்கானோர் மதுரைக்கு நடந்தே வந்தார்கள். அந்த மாதம் 23ஆம் தேதி ஏலத்தை ஒன்றிய அரசு ரத்து செய்தது. கண்மாயை நம்பி உழுது பிழைத்தவர்களுக்கு அந்தக் குன்றிலிருந்து இறங்கும் நீரின் பாதை தெரியும். அதனால்தான் அவர்கள் எழுந்தார்கள்.

உனக்கும் உன் நீரின் பாதை தெரிய வேண்டும். உங்கள் தெருச் சாக்கடை எந்தக் கால்வாயில், எந்தக் கண்மாயில் சேர்கிறது என்று தோழிகளோடு நடந்து பார்த்து வரைபடம் போடு. அந்தக் கால்வாய் வருவாய்த்துறைப் பதிவேட்டில் எந்தப் புல எண்ணில், எவ்வளவு அகலத்தில் இருக்கிறது என்று கிராம நிர்வாக அலுவலரிடம் கேள். பதிவில் உள்ள அகலத்தையும் நேரில் உள்ள அகலத்தையும் எழுதி, ஆசிரியர் கையெழுத்தோடு வார்டு கவுன்சிலரிடம் மனுவாகக் கொடு. நகலை எனக்கும் அனுப்பு. பதில் வரத் தாமதமானால் மாநகராட்சி ஆணையருக்கு அடுத்த மனுவை நாம் இருவரும் சேர்ந்தே எழுதுவோம்.

அன்புடன்,
மாமா