கீழே விழுந்த குஞ்சை என்ன செய்வது?



நம் லயங்களில் பல குடும்பங்களுக்கு மட்டக்களப்புப் பக்கம் சொந்தபந்தம் உண்டு. 1977, 1983 ஆம் ஆண்டுக் கலவரங்களுக்குப் பிறகு மலையை விட்டு வடக்கேயும் கிழக்கேயும் போய்க் குடியேறிய நம் ஆட்கள்தான் அவர்கள். பள்ளி விடுமுறை விட்டால் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு அங்கே போய் வருகிறோம். அப்படிப் போன ஒரு குடும்பத்தில் நடந்ததை வைத்துத்தான் இம்முறை நமது பாடம்.

ஏப்ரல் விடுமுறை. வாவிக் கரையோரம் அத்தை வீடு. முந்தின இரவு அடித்த காற்றில், காலையில் தென்னை மரத்தடியில் ஒரு மைனாக் குஞ்சு கிடந்தது. உடம்பில் இறகு சரியாக முளைக்கவில்லை. எட்டு வயதுப் பையன் அதைக் கையில் ஏந்திக்கொண்டு ஓடி வந்தான். "அம்மா, பாவம்மா, பசிக்குது போல. வாயத் தொறந்து தொறந்து காட்டுது." அம்மாவுக்கும் மனசு கேட்கவில்லை. பாணைப் பாலில் ஊறவைத்து ஊட்டினார். கரண்டியால் தண்ணீரும் வாயில் விட்டார். அன்று இரவே குஞ்சு செத்துப்போனது.

"நான் தூக்கிட்டு வந்ததாலதானே செத்துச்சு?" என்று பையன் சாப்பிடாமல் அழுதுகொண்டிருந்தான். பக்கத்து வீட்டுத் தோணிக்காரப் பெரியவர் வந்து அவனை அருகில் இருத்திக்கொண்டார். "அழாத மனே, நீ நல்லதத்தான் நினைச்சாய். ஆனா தாய் அந்த மரத்திலதான் பகல் முழுக்கக் கத்திக்கொண்டு நிண்டது. குஞ்சக் கூட்டில வெச்சிருந்தா அது பாத்திருக்கும்."

"இத யாராச்சும் முன்னாடியே சொல்லியிருந்தா நல்லா இருந்திருக்கும்" என்றார் அந்த அம்மா நம்மிடம். அதற்காகவே இதை எழுதுகிறோம்.

முதலில் பாருங்கள், பிறகு தொடுங்கள்

தரையில் இருக்கும் குஞ்சுகள் இரண்டு வகை. உடம்பெல்லாம் இறகு முளைத்து, தத்தித் தத்தி நடக்கும் குஞ்சு ஒரு வகை. அது விழுந்த குஞ்சு அல்ல. பறக்கப் பழகும் குஞ்சு. சில நாள் தரையிலும் செடியிலும் இருந்துதான் பறக்கப் பழகும். தாய் தகப்பன் அங்கேயே வந்து இரை கொடுக்கும். நாம் பக்கத்தில் நின்றால் அவை பயந்து வராது. நாய், பூனையைக் கட்டிப்போட்டு, பிள்ளைகளைத் தள்ளி நிற்கச் சொல்லி, தூரத்திலிருந்து ஒன்றிரண்டு மணித்தியாலம் பாருங்கள். வழியில் கிடந்தால் பக்கத்துச் செடியில் எடுத்து வைத்தால் போதும்.

காகம் ஒன்று வேறு சாதிக் குஞ்சுக்கு இரை கொடுப்பதைக் கண்டாலும் பதற வேண்டாம். குயில் காகத்தின் கூட்டில் முட்டையிடும். காகமே அந்தக் குஞ்சை வளர்க்கும்.

இறகு முளைக்காமல், கண் திறக்காமல் கிடப்பது இரண்டாவது வகை. இதற்கு உதவி வேண்டும். கூடு எட்டினால் உடனே கூட்டிலேயே திருப்பி வையுங்கள். "மனுசக் கை பட்டா தாய் சேர்க்காது" என்று நாம் சொல்லுவோமே, அது சரியல்ல. கை பட்டதற்காகத் தாய்ப்பறவை குஞ்சை ஒதுக்கிவிடாது.

கூடு சிதைந்து போயிருந்தால், ஒரு சின்னக் கூடையை அல்லது அடியில் துளையிட்ட சிரட்டையை எடுங்கள். காய்ந்த புல்லைப் பரப்பி, குஞ்சை வைத்து, அதே மரத்தில் வெயில் மழை படாத இடத்தில் கட்டுங்கள். பிறகு தள்ளி நின்று பாருங்கள். பெரும்பாலும் தாய் வரும்.

தாய் வரவே இல்லை என்றால்

முதலில் சூடு, பிறகுதான் இரை. உடம்பு குளிர்ந்த குஞ்சுக்கு இரை செரிக்காது. காற்றுப் போகும் அட்டைப் பெட்டியில் துணி விரியுங்கள். போத்தலில் சுடுதண்ணீர் நிரப்பி, துணி சுற்றி, ஒரு பக்கமாக வையுங்கள். மறு பக்கம் வெறுமையாக இருக்கட்டும். சூடு கூடினால் குஞ்சு விலகிக்கொள்ளும். மலையில் இரவுக் குளிருக்கு இது கட்டாயம் வேண்டும். பெட்டியைச் சத்தமில்லாத இடத்தில் வையுங்கள்.

செய்யக் கூடாதவை:

1. பால் கொடுக்காதீர்கள். பறவைக்குப் பால் செரிக்காது, வயிற்றோட்டம் வரும். பாணும் சோறும் வயிற்றை அடைக்குமே தவிர, குஞ்சு வளரத் தேவையான சத்தைக் கொடுக்காது.

2. வாயில் தண்ணீர் விடாதீர்கள். மூச்சுக்குழாயின் வாசல் நாக்குக்குப் பின்னாலேயே இருக்கிறது. விட்ட தண்ணீர் நெஞ்சுக்குள் போய்விடும். ஈரமான இரையிலிருந்தே குஞ்சுக்குத் தண்ணீர் கிடைக்கும்.

3. மருந்தடித்த தேயிலை மலையிலோ மரக்கறித் தோட்டத்திலோ பிடித்த பூச்சியைக் கொடுக்காதீர்கள்.

மைனா, கொண்டைக் குருவி போன்றவற்றின் குஞ்சுகளுக்குப் பூச்சிதான் முக்கியம். காலும் தலையும் எடுத்த வெட்டுக்கிளி, கறையான், மயிர் இல்லாத புழு கொடுக்கலாம். அவசரத்துக்கு அவித்த முட்டையை மசித்துக் கொடுக்கலாம். கொண்டைக் குருவிக்குக் கனிந்த பப்பாசியும் சேர்க்கலாம். முனை மழுங்கிய குச்சியால் சின்னச் சின்னதாக வையுங்கள். வாய் திறந்தால் மட்டும் கொடுங்கள். திறக்காவிட்டால் போதும் என்று அர்த்தம்.

இறகு முளைக்காத குஞ்சுக்கு விடிந்தது முதல் பொழுது சாயும் வரை சுமார் அரை மணிக்கு ஒருமுறை இரை வேண்டும். இறகு வந்த குஞ்சுக்கு ஒரு மணிக்கு ஒருமுறை. இரவில் வேண்டாம். காலையில் பெரட்டுக்குப் போய்ப் பொழுது சாய வீடு திரும்பும் நம்மால் இது முடியுமா? முடியாது. தாய்ப்பறவை செய்யும் வேலை அவ்வளவு பெரியது. அதனால்தான் குஞ்சைத் தாயிடமே சேர்க்கப் பாருங்கள் என்று திரும்பத் திரும்பச் சொல்கிறோம்.

வாவிப் பறவைகள் வேறு

மட்டக்களப்பு வாவி சுமார் 56 கிலோமீற்றர் நீளம். கரையோரக் கண்டல் மரங்களில் கொக்கும் நீர்க்காகமும் கூட்டமாகக் கூடு கட்டும். இவற்றின் குஞ்சுகளுக்கு மீன்தான் உணவு. உப்புப் போடாத சின்னப் பச்சை மீனை முழுசாகக் கொடுக்க வேண்டும், கருவாடு ஆகாது. கொக்குக் குஞ்சு பயந்தால் கூரிய அலகால் கண்ணைப் பார்த்துக் கொத்தும். பிள்ளைகளைக் கிட்ட விடாதீர்கள். பெரியவர்கள் துணியால் தலையை மூடித் தூக்கிப் பெட்டியில் வைத்து, உரிய ஆட்களிடம் ஒப்படைப்பதே நல்லது.

புறாக் குஞ்சும் அப்படித்தான். அது வாயைப் பிளந்து காட்டாது. தாயின் தொண்டைக்குள் அலகை விட்டு இரை எடுக்கும். பழக்கமில்லாதவர் ஊட்டினால் மூச்சடைத்துவிடும்.

யாரிடம் சொல்வது?

வனசீவராசிகள் திணைக்களத்துக்கு 1992 என்ற இலக்கத்தில் அறிவிக்கலாம். பூனை கடித்த குஞ்சு வெளியே நன்றாகத் தெரிந்தாலும், பல்லில் உள்ள கிருமியால் ஓரிரு நாளில் செத்துவிடும். உடனே மிருக வைத்தியரிடம் கொண்டு போங்கள். காட்டுப் பறவைகளைக் காக்க நம் நாட்டில் 1937 ஆம் ஆண்டிலேயே சட்டம் வந்துவிட்டது. ஆகவே, காப்பாற்றிய குஞ்சைக் கூண்டில் போட்டு வளர்க்க நினைக்காதீர்கள்.

தொட்ட பிறகு சவர்க்காரம் போட்டுக் கை கழுவுங்கள். ஒரே இடத்தில் பல பறவைகள் செத்துக் கிடந்தால் தொடவே வேண்டாம், அறிவியுங்கள்.

அந்தப் பையன் இப்போது

தோட்டத்துக்குத் திரும்பிய பிறகு, கவாத்து வெட்டும் மலையில் ஒரு கொண்டைக் குருவிக் கூடு செடியோடு சாய்ந்தது. உள்ளே மூன்று குஞ்சுகள். வேலை செய்தவர்கள் அந்த அம்மாவைத்தான் கூப்பிட்டார்கள். அவர் கூட்டை நாலடி தள்ளி வெட்டாத செடிக்குள் வைத்துக் கட்டிவிட்டு, எல்லோரையும் விலகச் சொன்னார். தேநீர் நேரத்துக்குள் தாய்க்குருவி வாயில் புழுவோடு வந்துவிட்டது. ஒரு குஞ்சு தப்பவில்லை. மற்ற இரண்டும் பறந்து போயின. பையன் தினமும் பள்ளி விட்டு வந்து தூர நின்று பார்த்தான். ஒருநாளும் தொடவில்லை.

பிள்ளைகளோடு பேசிப் பாருங்கள்

1. பறக்கப் பழகும் குஞ்சையும் விழுந்த குஞ்சையும் எப்படிப் பிரித்தறிவது?

2. குஞ்சின் வாயில் ஏன் தண்ணீர் விடக் கூடாது?

3. உங்கள் லயத்தைச் சுற்றி எந்தெந்தப் பறவைகள் கூடு கட்டுகின்றன? எந்த மாதத்தில்?