குழம்போடு சேர்த்துச் சுவைத்துப் பார்

அன்புள்ள மருமகனுக்கு,

லண்டனில் நீ திறக்கப்போகும் உணவகத்துக்கு ஒயின் பட்டியல் தயாரிக்க வேண்டும், சப்ளையர்கள் மாதிரி பாட்டில்கள் அனுப்புகிறார்கள், எதை வைத்துத் தேர்ந்தெடுப்பது என்று கேட்டிருந்தாய். நான் சொல்வது ஒன்றுதான்: லேபிளை மறைத்துவிடு, உன் அடுப்படியில் கொதிக்கிற குழம்போடு சேர்த்துச் சுவைத்துப் பார். வெறும் வாயில் ஜெயிக்கிற ஒயின் மீன் குழம்புக்குப் பக்கத்திலும் ஜெயிக்கும் என்று நம்பிவிடாதே.

சப்ளையரின் மேசையில் கிளாஸ்களை வரிசையாக வைத்து, நடுநடுவே தண்ணீரும் பிஸ்கட்டும் கொடுப்பார்கள். அந்த வரிசையில் எடுபடுவது கனமான ஒயின்தான்: கனிந்த பழ வாசனை, ஓக் பீப்பாயின் மணம், 14.5 சதவீத ஆல்கஹால். ஆஸ்திரேலியாவின் பரோஸா ஷிராஸ் அங்கே முதல் மார்க் வாங்கும். அதையே காரம் தூக்கலான மட்டன் சுக்காவோடு குடித்தால் வாய் எரியும். மிளகாயின் காப்சைசின் நாக்கில் எந்த நரம்பு ஏற்பியைத் தூண்டுகிறதோ அதையேதான் ஆல்கஹாலும் தூண்டுகிறது. காப்சைசினால் வரும் எரிச்சலையும் அது கூட்டிவிடுகிறது என்று 2002இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. போதாததற்கு, சிவப்பு ஒயினில் உள்ள டானினின் துவர்ப்பு காரத்தோடு சேர்ந்து கரகரப்பாகிவிடும். ஜெர்மனியின் மோசல் பகுதி ரைஸ்லிங் கபினெட்டில் பெரும்பாலும் 8, 9 சதவீதம்தான் ஆல்கஹால். கொஞ்சம் இனிப்பு, நிறையப் புளிப்பு. சப்ளையரின் மேசையில் ‘தண்ணியாக இருக்கிறதே’ என்று ஒதுக்கிவைக்கப்பட்டிருக்கும். சுக்காவோடு அதுதான் வாயை ஆற்றும்.

புளி விஷயம் இன்னும் சுவாரசியமானது. பழங்களில் டார்டாரிக் அமிலம் அதிகமாக இருப்பவை குறைவு. அந்தச் சிலவற்றில் திராட்சையும் புளியும் உண்டு. அதனால் இரண்டும் தானாகச் சேர்ந்துகொள்ளும் என்று நினைத்துவிடாதே. சாப்பாட்டின் புளிப்பு ஒயினின் புளிப்பை மிஞ்சிவிட்டால் ஒயின் சப்பென்று ஆகிவிடும். வெயில் அதிகமான ஊர்களில் விளைந்த, புளிப்புக் குறைந்த ஷார்டனே மீன் குழம்புக்கு முன்னால் படுத்துவிடுவது இதனால்தான். அதே ஷார்டனே, தேங்காய்ப்பால் ஊற்றிய திருநெல்வேலிச் சொதியோடு நன்றாகவே போகும். லேபிளைப் படித்து இதைக் கண்டுபிடிக்க முடியாது.

‘மாமா, நம் ஆட்கள் ஒரு பதார்த்தம் முடிந்து அடுத்ததென்று சாப்பிடுவதில்லையே, சொதி, சுக்கா, நண்டு எல்லாம் ஒரே மேசையில் ஒரே நேரத்தில் இருக்குமே, எதோடு பொருத்திப் பார்ப்பது?’ என்று நீ கேட்பாய். நியாயமான கேள்வி. பிரெஞ்சுக்காரர்களின் வழக்கப்படி ஒரு தட்டுக்கு ஓர் ஒயின் என்கிற கணக்கு நமக்கு உதவாது. உன் மெனுவில் ஒயினுக்கு அதிகம் தொல்லை கொடுக்கும் மூன்றை எடு: காரத்துக்குச் சுக்கா, புளிப்புக்கு மீன் குழம்பு, தேங்காய்க்குச் சொதி. ஒவ்வொரு ஒயினையும் மூன்றோடும் ஒரு வாய் சுவைத்துத் துப்பிவிடு. ஒன்றோடு அபாரமாகப் பொருந்தி மற்ற இரண்டோடு கெட்டுப்போகும் ஒயினைவிட, மூன்றையும் தாங்கும் ஒயின்தான் உனக்கு வேண்டும். டானின் குறைந்த பொஜொலே, கொஞ்சம் குளிரவைத்தால், சிவப்பில் அந்தத் தேர்வில் தேறுவதற்கு நல்ல வாய்ப்பு உண்டு.

நிபுணர்கள் பதக்கம் கொடுத்த ஒயின்களை வாங்கிவிட்டால் போதாதா என்றால், போதாது. கலிஃபோர்னியா மாநிலக் கண்காட்சிப் போட்டியில் ராபர்ட் ஹாட்சன் என்ற ஆய்வாளர் ஒரே பாட்டிலிலிருந்து ஊற்றிய ஒயினை நடுவர்களுக்குத் தெரியாமல் மூன்று முறை வைத்துப் பார்த்தார். மூன்று முறையும் ஒரே பதக்கத் தரத்துக்குள் மதிப்பிட்டவர்கள் சுமார் பத்துப் பேரில் ஒருவர்தான். 2008இல் அந்த முடிவுகள் வெளிவந்தன. போர்தோவில் வெள்ளை ஒயினுக்குச் சிவப்புச் சாயம் ஏற்றி 54 பேரிடம் கொடுத்தபோது, சிவப்பு ஒயினுக்குரிய சொற்களையே பயன்படுத்தி வர்ணித்தார்கள். அது 2001இல் வெளியான ஆய்வு. அவர்களைக் கேலி செய்ய இதைச் சொல்லவில்லை. கண் பார்த்ததை நாக்கு நம்பிவிடுகிறது, உன் நாக்கும்தான். அதனால்தான் பாட்டிலுக்குத் துணி சுற்றச் சொல்கிறேன்.

சாப்பாடு ஒயினின் குறையை மறைத்துவிடாதா என்ற ஆட்சேபத்தை மட்டும் முழுதாக ஒப்புக்கொள்கிறேன். ‘ஆப்பிளோடு வாங்கு, சீஸோடு விற்றுவிடு’ என்பது ஐரோப்பிய ஒயின் வியாபாரிகளின் பழைய பேச்சு. சீஸின் கொழுப்பு துவர்ப்பை மழுக்கிவிடும், ஆப்பிள் காட்டிக்கொடுத்துவிடும். ஆகவே ஒவ்வொன்றையும் முதலில் வெறும் வாயில் பார். நனைந்த அட்டைப்பெட்டி வாசனை வந்தால் கார்க் கெட்டது. வேறு பாட்டில் கேள். காடி வாசனை வந்தால் ஒதுக்கு. இந்தச் சுற்று குறை கண்டுபிடிக்க மட்டும். எதைப் பட்டியலில் சேர்ப்பது என்பதைக் குழம்புதான் முடிவு செய்ய வேண்டும்.

பெரிய பெயர்கள் இல்லாவிட்டால் காசு பார்க்க முடியாது என்று உன் கூட்டாளி சொல்வதாக எழுதியிருந்தாய். ஷாம்பெயின் ஒன்று, போர்தோ ஒன்று இருக்கட்டும். கொண்டாட வருபவர்கள் கேட்பார்கள். ஆனால் லாபம் அங்கே மட்டும் இல்லை. லண்டன் உணவகங்களின் ஒயின் பட்டியல்களை அலசி 2021இல் வந்த ஒரு பொருளியல் ஆய்வின்படி, வாங்கிய விலைக்கு மேல் வைக்கும் விகிதம் உச்சத்தில் இருப்பது நடுத்தர விலைப் பாட்டில்களில். மேலும் கிளாஸ் கணக்கில் விற்றால் 125 மில்லி அளவும் கிடைக்கவேண்டும் என்பது இங்கிலாந்தில் சட்டம். 750 மில்லி பாட்டிலில் ஆறு கிளாஸ். திறந்த பாட்டில் ராத்திரிக்குள் தீராமல் போகலாம். எனவே கிளாஸில் விற்க நினைக்கிற ஒயின்களை மூடி வைத்து மறுநாளும் அதே மூன்று பதார்த்தங்களோடு சுவைத்துப் பார். மறுநாள் தளர்ந்துபோகிறவற்றைப் பாட்டிலாக மட்டும் விற்றுக்கொள்.

சுவைத்துப் பார்க்கும் அன்று சமையற்காரரையும் மேசையில் உட்காரவை. குழம்பில் புளி கூடியதா, ஒயினில் புளிப்புக் குறைந்ததா என்று சரியாகச் சொல்லக்கூடியவர் அவர்தான். பரிமாறப்போகும் பிள்ளைகளையும் ஒதுக்கிவிடாதே. ராத்திரி வாடிக்கையாளருக்குப் பதில் சொல்லப்போவது அவர்கள்.

அன்புடன்,
மாமா