ஈரம் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது?

ஸ்காபரோவில் பழைய வீடு வாங்கும் நண்பர்கள், பேஸ்மென்ட் சுவருக்கு இன்சுலேஷன் போட எவ்வளவு முடியும் என்று என்னிடம் கேட்பதுண்டு. பதிலுக்கு நான் கேட்பது ஒன்றைத்தான்: சுவரில் இருக்கும் ஈரம் மண்ணிலிருந்து வருகிறதா, அறைக் காற்றிலிருந்து வருகிறதா? எந்தப் பொருளை வாங்குவது, காசை எங்கே முதலில் போடுவது என்ற இரண்டும் இந்தப் பதிலில்தான் தங்கியிருக்கின்றன.

எங்கள் வீடு 1950களில் கட்டப்பட்ட பங்களோ. நிலத்துக்குக் கீழே உள்ள சுவர் உட்குழிவான சீமெந்துக் கல்லால் ஆனது. தம்பி குடும்பம் வந்து தங்குவதற்காகக் கீழ்த்தளத்தைத் திருத்த வெளிக்கிட்டோம். அவனுடைய சின்ன மகளுக்கு இழுப்பு இருந்ததால், பூஞ்சணம் பிடிக்காத சுவர் வேண்டும் என்பதில் விட்டுக்கொடுக்க இடமிருக்கவில்லை.

ஈரம் வரும் பக்கத்தை அறிய ஒரு மலிவான வழி உண்டு. ஒன்றரை அடிச் சதுரமான தடித்த பிளாஸ்டிக் துண்டை எடுத்து, நான்கு ஓரமும் காற்றுப் புகாமல் சுவரில் டேப் போட்டு ஒட்டி, ஓரிரு நாள் விட்டுவிடுங்கள். பிளாஸ்டிக்குக்குப் பின்னால் நனைந்திருந்தால் ஈரம் மண்ணிலிருந்து வருகிறது. அறையைப் பார்த்த முகத்தில் முத்து முத்தாய் நீர் நின்றால் அது காற்றில் இருந்த ஈரம். இதைப் பனி உருகும் ஏப்ரலில் ஒருமுறையும் ஜூலையில் ஒருமுறையும் செய்யுங்கள். ஒரே சுவர் இரண்டு காலத்தில் இரண்டு பதில் சொல்லும்.

எங்களுக்கும் அப்படித்தான் சொன்னது. ஏப்ரலில் வடக்கு மூலை மட்டும் பின்பக்கம் நனைந்தது. அந்த மூலையில் தரையிலிருந்து முழங்கால் உயரம் வரை வெள்ளையாய் உப்புப் பூத்திருந்தது. விரலால் தடவினால் மாவாய் உதிர்ந்தது. வெளியே போய்ப் பார்த்தால், நேர் மேலே கூரைப் பீலியின் இறக்கக் குழாய் சுவரடியிலேயே தண்ணீரைக் கொட்டிக்கொண்டிருந்தது. குழாயை ஆறடி தள்ளி நீட்டி, சுவரோரம் தாழ்ந்திருந்த மண்ணை வெளிப்பக்கம் சரியும்படி உயர்த்தினோம். முழுத் திருத்த வேலையிலும் மிகக் குறைந்த செலவு அதுதான், பெரிய பலன் தந்ததும் அதுதான். அடுத்த வசந்தம்வரை பொறுத்து, மூலை காய்ந்துவிட்டதை உறுதி செய்த பிறகே உள்வேலைக்கு ஆள் கூப்பிட்டோம்.

ஜூலை ஈரத்தின் கதை வேறு. வெளியே 27 பாகை வெப்பமும் 60 சதவீத ஈரப்பதனும் உள்ள காற்று, 18, 19 பாகைக்குக் குளிர்ந்தாலே நீராய்ப் படியத் தொடங்கும். நிலத்துக்குக் கீழே சுவரின் அடிப்பகுதி அதைவிடக் குளிராகவே இருக்கும். காற்றோட்டம் நல்லது என்ற நம் ஊர்ப் பழக்கத்தில் கோடையில் பேஸ்மென்ட் யன்னலைத் திறந்து வைப்பவர்கள் பலர். அந்த மாதங்களில் அதை மூடி, டிஹியூமிடிஃபையரை 50 சதவீதத்தில் வைத்து, அதன் குழாயைத் தரை வடிகாலில் விடுங்கள்.

இதனால்தான் சீமெந்துச் சுவரோடு ஒட்டி பிங்க் நிறக் கண்ணாடியிழைப் பஞ்சை வைத்து, மேலே பிளாஸ்டிக் தாள் அடிக்கும் முறையை நான் ஏற்பதில்லை. அறைக் காற்று பஞ்சுக்குள் புகுந்து குளிர்ந்த சுவரில் படிகிறது; மண் ஈரமும் மறுபக்கத்தால் வருகிறது; இரண்டும் வெளியேற முடியாமல் உள்ளேயே நிற்கின்றன. விலை சொல்ல வந்த கொந்தராத்துக்காரர், “அண்ணை, எல்லாரும் இப்பிடித்தானே அடிக்கினம்” என்றார். “தம்பி, ஜூலை மாசத்தில அந்த பிளாஸ்டிக்குக்குப் பின்னால கை வைச்சுப் பாத்திருக்கிறீரோ?” என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, தான் பிரித்த பழைய சுவர்களில் கறுத்துப்போன மரச்சட்டங்களைப் பற்றி அவரே சொன்னார்.

நாங்கள் தேர்ந்தது இரண்டங்குல எக்ஸ்.பி.எஸ். ஃபோம் பலகை. சுவரோடு இடைவெளியில்லாமல் ஒட்டி, பொருத்துகளுக்கு டேப் போட்டோம். அதன் முன்னால் மரச்சட்டம், சட்டங்களுக்கு இடையில் ராக்வூல் என்ற பாறைப்பஞ்சு. வெப்பத்தடை அளவில் பலகை ஆர்-10, ராக்வூல் ஆர்-14. பிளாஸ்டிக் தாள் இல்லை. சட்டத்தின் அடிமரத்துக்குக் கீழே ஃபோம் பட்டி விரித்தோம். ட்ரைவோலைத் தரையைத் தொடவிடாமல் அரை அங்குலம் உயர்த்தினோம்.

சுவர் முழுக்க ஸ்ப்ரே ஃபோம் அடிக்க வந்த விலை, பலகைக்கு வந்ததைப்போல் ஏறத்தாழ இரண்டு மடங்கு. மேடுபள்ளமான பழைய கல் சுவருக்கு அந்தக் காசு தகும். எங்கள் சுவர் நேரானது என்பதால், சுவருக்கு மேலே தரை மரங்கள் வந்து உட்காரும் விளிம்புக்கு மட்டும் ஸ்ப்ரே அடித்தோம். குளிர்காற்று அதிகம் நுழையும் இடம் அதுதான். சின்ன வேலைக்கும் குறைந்தபட்சக் கட்டணம் கேட்பார்கள் என்பதால், பக்கத்து வீட்டு வேலையையும் ஒரே நாளில் சேர்த்துக்கொண்டோம். அடித்த பிறகு, கொம்பனி சொல்லும் நேரம்வரை ஒருவரும் வீட்டுக்குள் வரக்கூடாது.

இனிக் கணக்கு. 25 அடிக்கு 40 அடி வீடென்றால் சுற்றளவு 130 அடி. எட்டடி உயரத்துக்கு 1,040 சதுர அடி. வெட்டிக் கழியும் துண்டுகளுக்குப் பத்து சதவீதம் கூட்டுங்கள். விலைத்தாளில் பெரும்பாலும் காணாமல் போகிறவை: 13 சதவீத எச்.எஸ்.டி., பழைய பலகையைப் பிரித்து அகற்றும் கூலி, மின்பெட்டிகளை முன்னே நகர்த்தும் வேலை, ட்ரைவோல். ஃபோமைத் திறந்தபடி விடச் சட்டம் அனுமதிக்காது. ஆகவே ட்ரைவோல் கட்டாயச் செலவு. காசு போதாவிட்டால் பாதிச் சுவருக்கு ஆர்-24 போடாமல் எல்லாச் சுவருக்கும் ஆர்-10 போடுங்கள். முதல் இரண்டு அங்குலம் மிச்சப்படுத்தும் வெப்பத்தை அடுத்த இரண்டு அங்குலம் மிச்சப்படுத்தாது.

மானியத் திட்டங்கள் மாறிக்கொண்டே இருக்கும். மத்திய அரசின் கிரீனர் ஹோம்ஸ் மானியம் 2024 பெப்ரவரியில் புதியவர்களுக்கு மூடப்பட்டுவிட்டது. எந்தத் திட்டத்தை நம்பினாலும், எரிசக்தி மதிப்பீட்டாளர் வேலை தொடங்குமுன் வர வேண்டுமா என்று முதலில் விசாரியுங்கள். வெள்ளத்தையும் மறக்க வேண்டாம். 2013 ஜூலை 8 அன்று பியர்சன் விமான நிலையத்தில் 126 மில்லிமீற்றர் மழை கொட்டியது. 2024 ஜூலையில் ரொறன்ரோவில் மறுபடி வெள்ளம் வந்தது. கழிவுநீர் திரும்பி ஏறாமல் தடுக்கும் வால்வுக்கும் சம்ப் பம்புக்கும் ரொறன்ரோ மாநகரம் உதவித்தொகை தருகிறது. தரையை உடைக்கும் அந்த வேலை, புதுச் சுவர் எழும்புமுன் முடிய வேண்டும்.

பேஸ்மென்டை வாடகைக்கு விடும் நம்மவர்களிடம் ஒரு வேண்டுகோள். புதிதாக வந்து இறங்குபவர்கள் வெளிச்சுவரோரம் தரையில் மெத்தை போட்டுப் பிள்ளைகளைப் படுக்க வைக்கிறார்கள். மெத்தைக்கும் சுவருக்கும் இடையில் காற்றில்லாமல் முதலில் பூஞ்சணம் பிடிப்பது அங்கேதான். சுவரை ஒழுங்காக அடைத்துக் கொடுங்கள், ஒரு கட்டிலும் போட்டுக் கொடுங்கள். கடைசியாக இன்னொன்று: வேலை முடிந்து வரும் முதல் குளிர்காலத்தில், மண்ணிலிருந்து கசியும் கதிரியக்க வாயுவான ரேடனை அளக்கும் கருவியை வாங்கிக் கீழே மூன்று மாதம் வையுங்கள். கனமீற்றருக்கு 200 பெக்கரலுக்கு மேல் காட்டினால், கனேடிய சுகாதாரத் திணைக்களத்தின் வழிகாட்டலின்படி அதைக் குறைக்கும் வேலையைச் செய்தாக வேண்டும். அதற்கும் பட்ஜெட்டில் ஒரு தொகையை ஒதுக்கி வையுங்கள்.