குளிரும் கணப்பும்

மார்கழித் திங்களில் வைகறையில் எழுந்து நீராடச் செல்லும் நம் ஊர்ச் சிறுவர்கள், பற்கள் கிட்டிக்க, இரு கைகளையும் மார்போடு சேர்த்து அணைத்துக்கொண்டு நிற்பதைக் காண்கின்றோம். அப்பொழுது சென்னையிலோ மதுரையிலோ வெப்பமானியைப் பார்த்தால், அது 20 பாகை செல்சியசு அளவில் நின்றுகொண்டிருக்கும். ஒரு துண்டை இழுத்துப் போர்த்துக்கொண்டால் அக்குளிர் அடங்கிவிடும். கதிரவன் ஒரு பனை உயரம் எழுந்துவிட்டாலோ, அஃது இருந்த இடமே தெரியாது. ஆதலின், குளிரைப் பற்றி நாம் அறிந்தது சிறிதே எனலாம். அதனை நன்கு அறிந்தவர்கள் நம் நாட்டின் வடகோடியில் வாழும் காஷ்மீர மக்கள். வீட்டுக்குள் இருந்தபடியே கடுங்குளிரை வெல்வது எவ்வாறு என்பதை அவர்களிடம் கேட்டறிதல் தகும்.

காஷ்மீரப் பள்ளத்தாக்குக் கடல்மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 1,600 மீட்டர் உயரத்தில் உள்ளது. வடக்கும் கிழக்கும் இமயத்தின் பெருமலைகள். தெற்கும் மேற்கும் பீர்பஞ்சால் தொடர். இவற்றின் நடுவே அமைந்த அந்நிலத்தில் டிசம்பர் 21-ஆம் நாள் தொடங்கி நாற்பது நாள்கள் குளிர் மிகக் கடுமையாக இருக்கும். அக்காலத்திற்குச் ‘சில்லை கலான்’ என்று பெயர். ‘சில்லா’ என்பது நாற்பது நாள் கொண்ட ஒரு காலப் பகுதியைக் குறிக்கும் பாரசீகச் சொல். நாம் மருந்துண்ணும்போது ‘ஒரு மண்டலம்’ என்று கணக்கிடுகிறோமே, அதுபோன்றது. ‘கலான்’ என்றால் பெரியது. அதன்பின் இருபது நாள் ‘சில்லை குர்த்’, அது சிறியது. அதன்பின் பத்து நாள் ‘சில்லை பச்சா’, அது குழந்தை. பெரியவன், சிறியவன், குழந்தை என்று குளிருக்கும் ஒரு குடும்பத்தை வகுத்துப் பெயரிட்ட அம்மக்களின் நகைச்சுவையை என்னென்பது!

ஆயினும், அந்தப் பெரியவன் நகைப்புக்குரியவன் அல்லன். 2024-ஆம் ஆண்டு டிசம்பர் 21-ஆம் நாள் அதிகாலையில் ஸ்ரீநகரில் வெப்பநிலை சுழியத்திற்குக் கீழே 8.5 பாகைக்கு இறங்கியது. ஐம்பது ஆண்டுகளாக டிசம்பர் மாதத்தில் அத்துணைக் குளிர் அந்நகரில் பதிவானதில்லை. இத்தகைய நாள்களில் தால் ஏரியின் மேற்பரப்பு ஆங்காங்கே கண்ணாடிபோல் உறையும். வீட்டுக் குழாய்களில் நீர் கட்டியாகி நின்றுவிடும். நீர் உறையும்போது பருமனில் பெருகுவதால் குழாய் வெடிப்பதும் உண்டு. அதனைத் தடுக்கக் குழாயின்மேல் சாக்கும் வைக்கோலும் சுற்றிக் கட்டுவர். இரவில் குழாயைச் சிறிது திறந்து, நீர் சொட்டிக்கொண்டே இருக்குமாறு விடுவர்.

கடுங்குளிர் மனிதனை எவ்வாறு வருத்துகின்றது என்பதை இங்கே அறிந்துகொள்ளுதல் நலம். நம் உடலின் வெப்பம் 37 பாகை அளவில் நிற்பது. உண்ட உணவாகிய விறகை எரித்து உடல் அவ்வெப்பத்தைக் காத்து வருகின்றது. வெளியே குளிர் மிகுந்தால், உண்டாகும் வெப்பத்தினும் இழக்கும் வெப்பம் மிகுதியாகிவிடும். உடனே உடல் நடுங்கத் தொடங்கும். நடுக்கம் நோயன்று, தசைகளை அசைத்து வெப்பம் உண்டாக்க உடல் செய்யும் முயற்சியே அது. உடலின் உள்வெப்பம் 35 பாகைக்குக் கீழே இறங்கினால் பேச்சுக் குழறும்; கைகள் சொன்னபடி கேளா; அறிவு மயங்கும். பின்னர் நடுக்கமும் நின்றுவிடும். நடுக்கம் நின்றதால் குளிர் தணிந்தது என்று எண்ணுவது பெரும்பிழை. உடல் போராட்டத்தைக் கைவிடத் தொடங்கியதன் அடையாளம் அது. முதியோரும் கைக்குழந்தைகளும் இந்நிலையை விரைவில் அடைவர். வீட்டுக்குள் இருப்போர்க்கும் இது நேரும்.

அவ்வாறு நேர்ந்தால் ஈர உடையைக் களைந்து, உலர்ந்த கம்பளியால் தலை முதல் போர்த்தி, மார்பையும் வயிற்றையும் முதலில் வெதுவெதுப்பாக்க வேண்டும். அறிவு தெளிவாக உள்ளவர்க்கே சூடான பாலோ தேநீரோ தரலாம். மரத்துப்போன கைகால்களைத் தேய்த்தலும், நெருப்பின் அருகே நீட்டிச் சுடவைத்தலும் கூடா. மது உடலைச் சூடாக்கும் என்று சிலர் நம்புகின்றனர். அது தோலின் குருதிக் குழாய்களை விரித்து, உள்ள வெப்பத்தையும் வெளியே போக்கிவிடும். மருத்துவரை உடனே அழைத்தல் வேண்டும் என்பதைச் சொல்லவும் வேண்டுமோ?

இனிக் காஷ்மீர மக்கள் குளிரைத் தடுக்கும் முறைகளைக் காண்போம். அவர்கள் அணியும் ‘பெரன்’ என்னும் மேலங்கி, கழுத்து முதல் முழங்காலுக்குக் கீழ்வரை தொங்கும் தொளதொளத்த கம்பளி உடை. இவ்வளவு அகலமான அங்கி குளிரை எவ்வாறு தடுக்கும் என்று நீங்கள் ஐயுறலாம். உண்மையில் வெப்பத்தைக் காப்பது துணி மட்டும் அன்று. துணிக்கும் உடலுக்கும் இடையே அசையாமல் நிற்கும் காற்றும் அதனைக் காக்கின்றது. காற்று, வெப்பத்தை எளிதில் கடத்தாது. தடித்த உடை ஒன்றை இறுக்கமாக அணிவதினும், மெல்லிய உடை இரண்டு மூன்றை ஒன்றன்மேல் ஒன்றாகத் தளர அணிதல் மிகுந்த பயன் தருவது இதனால்தான்.

பெரனுக்குள்ளே இருக்கும் பொருள்தான் வியப்புக்குரியது. அதுவே ‘காங்கிரி’. சிறிய மண்சட்டி ஒன்று. அதனைச் சுற்றிப் பிரம்புக்கூடைபோல் பின்னிய மிலாறு. தூக்கிச் செல்ல ஒரு பிடி. சட்டிக்குள் கரித்தூளிட்டு, அதன்மேல் கனன்ற கங்குகளைப் பரப்பிச் சாம்பலால் மூடுவர். கைகளைச் சட்டைக் கையிலிருந்து உள்ளே இழுத்துக்கொண்டு, அக்காங்கிரியைப் பெரனுக்குள் அணைத்தபடி நடப்பர், கடையில் அமர்ந்திருப்பர், கதை பேசுவர். அதற்கு வேண்டிய கரியை ஆயத்தம் செய்வது இலையுதிர் காலத்து வேலை. சினார் மரங்களின் இலைகள் செந்நிறமாகி உதிருங்கால், பெண்கள் அவற்றைப் பெருக்கிக் குவித்துக் கொளுத்தி, முற்றும் எரிந்து போகாவண்ணம் நீர் தெளித்து அவித்து எடுத்து வைப்பர். கண்டோர் கவிதை பாடும் இலைகள் மார்கழியில் வயிற்றருகே கணப்பாகின்றன! சரார்-இ-ஷரீப், பந்திப்போரா ஆகிய ஊர்கள் அழகிய காங்கிரிகளுக்குப் பெயர் பெற்றவை.

காங்கிரியால் தீமையே இல்லை என்று கூறுதல் உண்மைக்கு மாறாகும். ஆண்டுதோறும் ஒரே இடத்தில் சூடு படுவதால் வயிற்றிலும் தொடையிலும் தோல் கறுத்து, நாளடைவில் சிலர்க்குப் புற்றுநோய் தோன்றுவது உண்டு. எல்ம்சுலி என்ற மருத்துவர் இதனை 1866-ஆம் ஆண்டிலேயே எழுதி வைத்தார். இன்றும் அந்நோய் ‘காங்கிரிப் புற்று’ என்றே மருத்துவ நூல்களில் வழங்குகின்றது. உறக்கத்தில் காங்கிரி கவிழ்ந்து படுக்கை பற்றிக்கொள்வதும் நிகழ்வதே.

வீட்டின் அமைப்பிலும் அம்மக்களின் அறிவுடைமை விளங்குகின்றது. பழைய வீடுகளின் சுவர்கள் செங்கல்லும் மண்ணும் மரமும் கலந்து தடிப்பாக அமைந்தவை. மரப்பின்னல் சன்னல்களில் குளிர்காலம் வந்ததும் தாளை ஒட்டிக் காற்றை அடைப்பர். தரையில் கோரைப்பாய், அதன்மேல் ‘நம்தா’ என்னும் கம்பளி விரிப்பு. வீடு முழுவதையும் சூடாக்க முயலாமல், ஓர் அறையைத் தேர்ந்து குடும்பத்தார் அனைவரும் அங்கேயே உண்டு உறங்குவர். கூரை செங்குத்தாக இருப்பதால் பனி தங்காமல் சரிந்து விழும். அவ்வாறு விழும் பனிப்பாளத்திற்கு அஞ்சி இறப்பின்கீழ் ஒருவரும் நில்லார்.

மலைப்பாதை பனியால் மூடுண்டால் வெளியூர்க் காய்கறி வாராது. ஆகவே கோடையிலேயே கத்தரிக்காய், சுரைக்காய், தக்காளி முதலியவற்றை அரிந்து வெயிலில் உலர்த்திக் கோத்துத் தொங்கவிடுவர். நம் பாட்டிமார் சுண்டைவற்றலும் கொத்தவரை வற்றலும் போடுவது போன்றதே இது. நமக்கு அது நாவின் சுவைக்கு, அவர்களுக்கோ உயிர்க்காப்பு. 2025-ஆம் ஆண்டில் புகைவண்டிப் பாதை பள்ளத்தாக்கை ஏனைய இந்தியாவோடு இணைத்துவிட்டது. ஆயினும் வற்றல் போடும் வழக்கம் போய்விடவில்லை.

அவர்கள் கண்ட கணப்பு முறைகளுள் நான் தலையாயதாகக் கருதுவது ‘ஹமாம்’ என்பதாகும். பள்ளிவாசல்களிலும் வசதியுள்ள வீடுகளிலும் ஓர் அறையின் தரையைக் கற்பலகைகளால் அமைத்து, அதன்கீழே வெற்றிடம் விடுவர். வெளிப்புறத்தில் உள்ள வாயில் வழியாக அவ்வெற்றிடத்தில் விறகெரிப்பர். தீ கற்களைச் சூடாக்கும். புகையோ தனியே அமைந்த போக்கி வழியாக வானில் சென்றுவிடும். கல் மெல்லச் சூடேறி மெல்லத் தணியும் இயல்புடையதாதலால், தீ அவிந்த பின்னும் நெடுநேரம் அறை வெதுவெதுப்பாக இருக்கும். வெப்பம் உள்ளே, நெருப்பு வெளியே! ‘புகாரி’ என்னும் தகட்டு அடுப்பும் நீண்ட குழாய் வைத்துப் புகையை வெளியே அனுப்புவது. அக்குழாயில் கரிப்புகை படிந்து அடைத்துக்கொள்ளாதபடி அதனை அவ்வப்போது துடைத்தல் வேண்டும்.

புகையை வெளியேற்ற இத்துணை அக்கறை ஏன்? காரணம் உண்டு. கரி எரியுங்கால் கார்பன் மோனாக்சைடு என்னும் வாயு உண்டாகின்றது. காற்றோட்டம் குறையக் குறைய அது மிகுதியாகும். அதற்கு நிறமில்லை, மணமில்லை, சுவையில்லை. நம் குருதியில் உள்ள ஹீமோகுளோபின் என்னும் பொருள் பிராணவாயுவைச் சுமந்து சென்று உறுப்புகளுக்கு ஊட்டுவது. அது பிராணவாயுவைப் பற்றுவதைவிட இந்நச்சு வாயுவை இருநூறு மடங்குக்கு மேல் வலுவாகப் பற்றிக்கொள்ளும். மூச்சு ஓடிக்கொண்டிருக்கும், உடலோ உள்ளே திணறும். தலைவலி, வாந்தி, சோர்வு, உறக்கம் என்று ஒன்றன்பின் ஒன்றாக வரும். அவ்வுறக்கத்திலிருந்து பலர் எழுவதில்லை. விறகுப் புகையேனும் கண்ணைக் கரித்து நம்மை வெளியே துரத்தும். கனன்ற கரியில் புகை தோன்றாமையால், ‘புகைதான் இல்லையே’ என்று மக்கள் ஏமாறுகின்றனர். 2025-ஆம் ஆண்டு சனவரித் திங்களில் ஸ்ரீநகரில் வாடகை வீடொன்றில் ஒரே குடும்பத்தினர் ஐவர், மூன்று குழந்தைகள் உட்பட, இவ்வாறு மூச்சுத் திணறி இறந்து கிடந்தனர். குளிரிலிருந்து குழந்தைகளைக் காக்க விரும்பிய பெற்றோர் தாமே மூடிய கதவு அது.

இது வடபுலத்தார்க்கு மட்டும் நேரும் தீங்கு என்று எண்ண வேண்டா. நம் உதகமண்டலத்திலும் கொடைக்கானலிலும் டிசம்பர், சனவரித் திங்களில் புல்வெளி உறைபனியால் வெளுத்திருக்கும். அங்கே அறைக்குள் கரி மூட்டி உறங்கியோர் மாண்ட செய்தியை நாளிதழ்களில் பன்முறை படித்திருக்கின்றேன். படித்தது மட்டுமன்று, அவ்வரிசையில் என் பெயரும் சேர வேண்டியதாயிருந்தது.

இளமையில் உதகையில் ஆசிரியப் பணி ஏற்றுச் சென்ற புதிது. ஒரு மூதாட்டியின் வீட்டில் சிறிய அறையொன்றில் தங்கியிருந்தேன். அங்குத் தனியே அமர்ந்து நெடுநல்வாடையை ஆராய்ந்துகொண்டிருந்த காலம் அது. வாடைக் காற்றுக்கு அஞ்சி மாடத்துக் கதவுகளைத் தாழிட்டு, முதியோரும் இளையோரும் அகன்ற வாயையுடைய கணப்புச் சட்டியருகே அமர்வதை அந்நூலில் நக்கீரர் காட்டுகின்றார். கணப்புச் சட்டிக்கு அவர் வழங்கும் பழஞ்சொல் ‘தடவு’ என்பது. சொல்லின் அழகில் ஈடுபட்ட எனக்கு, நாமும் அவ்வாறே இருந்தால் என்ன என்று தோன்றிற்று. குமுட்டி அடுப்பில் கரியை மூட்டி அறைக்குள் வைத்தேன், சன்னலைச் சாத்தினேன், கதவின் அடிச்சந்தில் பழைய வேட்டியையும் திணித்தேன். சங்ககாலத்து மாடங்களில் காற்றுப்போக வேறு வழி இருந்திருக்கும் போலும். என் அறையில் இல்லை. சிறிது நேரத்தில் நெற்றி கனத்தது. மாணவர் கட்டுரைகளைத் திருத்திய களைப்பு என்று கருதி, மேசைமீது தலையைச் சாய்த்தேன்.

நாள்தோறும் படுக்குமுன் எனக்குச் சுக்கு வெந்நீர் கொண்டுவரும் வழக்கமுடைய அம்மூதாட்டி கதவைத் தட்டியிருக்கின்றார். மறுமொழி இல்லை. தோளால் மோதித் திறந்து, அண்டை வீட்டாரை அழைத்து, என்னைத் தாழ்வாரத்திற்கு இழுத்துக் கிடத்தினார். கண் விழித்தபோது வானில் விண்மீன்கள் தெரிந்தன. தலை பிளப்பதுபோல் வலித்தது.

“வாத்தியார் தம்பி, கரியை உள்ளே வைத்துவிட்டுக் கதவையும் சாத்துவார்களா? எழுந்திருக்காதீர்கள், நன்றாக மூச்சு விடுங்கள்” என்றார்.

மறுநாள் காலையில் மருத்துவர் என்னைச் சோதித்து, ஒரு நாழிகை தாழ்ந்திருந்தால் பிழைத்திரேன் என்றார். அன்று மாலை முதல் மூதாட்டி எனக்கு ஒரு முறைமை வகுத்தார். குமுட்டியை வெளியிலேயே மூட்ட வேண்டும். அதில் செங்கல்லைச் சுட வைத்து, இடுக்கியால் எடுத்துச் சாம்பல் தட்டி, தடித்த துணியில் சுற்றிப் படுக்கையின் கால்மாட்டில் வைத்துக்கொள்ள வேண்டும். சன்னலில் நான்கு விரல் அகலம் எப்பொழுதும் திறந்திருக்க வேண்டும். படுக்கைக்குச் செல்லுமுன் அவரே வந்து அந்நான்கு விரலையும் தம் கையால் அளந்து பார்ப்பார். குமுட்டி தாழ்வாரத்துப் படியில் இருக்கும். அதில் எஞ்சிய கங்குகள் நெடுநேரம் கனன்றுகொண்டிருப்பதை நான் கம்பளிக்குள் இருந்தபடியே சன்னல் சந்து வழியாகப் பார்த்துக்கொண்டு உறங்கிப்போவேன். விடியற்காலையில் அதன் விளிம்பிலும் உறைபனி படிந்திருக்கும்.