மதுரைப் பாதம்: ஒரே பெயர், இரண்டு நோய்கள்

கேள்வி: முள் தைத்த காலில் வருடக்கணக்காக வீக்கமும் சீழும் இருந்தால் அதை ‘மதுரா ஃபுட்’ என்கிறார்கள். இதற்கு ஏன் மதுரையின் பெயர்? எங்கள் பக்கம் காடுகரையில் செருப்பில்லாமல் நடக்காதவர்களே கிடையாது. அப்படியிருக்க ஒருவருக்கு மட்டும் வந்து மற்றவர்களுக்கு வராதது ஏன்? புது மருந்து வந்திருப்பதாகச் சொல்கிறார்களே, அது உண்மையா?
– வாசகர், சிங்கம்புணரி

பதில்: மண்ணில் வாழும் சில நுண்ணுயிர்கள் முள்ளோ சிராயோ கிழித்த காயம் வழியாகத் தோலுக்கு அடியில் புகுந்து, அங்கேயே ஆண்டுக்கணக்கில் தங்கி வளர்வதால் வருவது மதுரைப் பாதம். மருத்துவ நூல்கள் இதை மைசெட்டோமா என்று குறிப்பிடுகின்றன. வலியில்லாத கெட்டி வீக்கம், அதில் ஒன்றன்பின் ஒன்றாக வாய் திறக்கும் புரைகள், அவற்றின் வழியே சீழோடு வரும் சிறு குருணைகள் ஆகிய மூன்றும் சேர்ந்திருப்பதே இதன் அடையாளம். கவனிக்காமல் விட்டால் எலும்பையும் அரித்துவிடும். பாதத்தில்தான் அதிகம் வரும் என்றாலும் கை, முதுகு, தலை என்று மண்ணும் முள்ளும் படுகிற எந்த இடமும் விலக்கல்ல.

மதுரையில் பணியாற்றிய கில் என்ற ஆங்கிலேய மருத்துவர் 1842-இல் இந்நோயைப் பற்றி எழுதினார். சில ஆண்டுகள் கழித்து கோல்புரூக் என்ற மற்றொரு மருத்துவர் அதற்கு ‘மதுரா ஃபுட்’ என்று பெயரிட்டார். அன்றைய மதுரை மாவட்டம் இன்றுள்ளதைவிட மிகப் பெரியது. சிவகங்கை ஜமீன் பகுதியும் அதற்குள் அடங்கியிருந்தது. 1910-இல் இராமநாதபுரம் மாவட்டம் உருவானபோதுதான் அது பிரிந்தது. ஆக, அந்தப் பெயர் சூட்டப்பட்ட காலத்தில் சிங்கம்புணரியும் ‘மதுரா’தான். பெயரை வைத்து இதை மதுரைக்கே உரிய நோய் என்று எண்ணிவிடக் கூடாது. தெற்கே 15 பாகைக்கும் வடக்கே 30 பாகைக்கும் இடைப்பட்ட வறண்ட நிலங்களில், சூடான், செனகல், சோமாலியா, மெக்சிகோ, நம் ராஜஸ்தான் என்று பல இடங்களிலும் இது உண்டு. நோயாளிகள் மிகுதியாகப் பதிவான நாடு சூடான்.

பம்பாயில் இருந்த ஹென்றி வான்டைக் கார்ட்டர் 1860-இல் இதற்கு மைசெட்டோமா என்று பெயர் வைத்தார். புகழ்பெற்ற ‘கிரே’ உடற்கூறியல் நூலுக்குப் படம் வரைந்தவரும் இவரே. கறுப்புக் குருணை வருவது ஒரு வகை, வெளிறிய குருணை வருவது இன்னொரு வகை என்பதை அவர் அப்போதே கண்டார். அதன் பொருள் பின்னால்தான் விளங்கியது. ஒரே தோற்றமுள்ள இந்த நோயை இரு வேறு உயிரினக் கூட்டங்கள் உண்டாக்குகின்றன. ஒன்று பூஞ்சை. மற்றொன்று ஆக்டினோமைசீட் எனப்படும் இழை வடிவ பாக்டீரியா. இரண்டிலும் சேர்த்து எழுபதுக்கு மேற்பட்ட இனங்கள் அடையாளம் காணப்பட்டுள்ளன. இவற்றில் மதுரையின் பெயரைத் தாங்கியவையும் உண்டு: கறுப்புக் குருணை தரும் ‘மதுரெல்லா மைசெட்டோமாட்டிஸ்’ என்ற பூஞ்சையும், வெளிறிய குருணை தரும் ‘ஆக்டினோமதுரா மதுரே’ என்ற பாக்டீரியாவும். சிவப்புக் குருணையானால் பெரும்பாலும் ‘ஆக்டினோமதுரா பெலட்டியேரி’. ராஜஸ்தானில் பூஞ்சை வகையும் தென்னிந்தியாவில் பாக்டீரியா வகையும் மிகுதி.

அண்மை ஆண்டுகளின் ஆய்வு இந்தக் குருணையையே சுற்றி வருகிறது. மதுரெல்லா பூஞ்சையை ஆய்வகத் தட்டில் வளர்த்தால் இழையிழையாகப் படருமே தவிர, குருணை ஆவதில்லை. உயிருள்ள உடலுக்குள் போனால்தான் குருணை உண்டாகும். நெதர்லாந்தின் ராட்டர்டாமில் உள்ள எராஸ்மஸ் மருத்துவ மைய ஆய்வாளர்கள், தேன்கூட்டைத் துளைக்கும் மெழுகு அந்துப்பூச்சியின் புழுவுக்குள் இப்பூஞ்சையைச் செலுத்தியபோது அங்கும் குருணை உருவானது. ஆகவே குருணையை நுண்ணுயிர் தனியாகக் கட்டிய வீடு என்று சொல்ல முடியாது. கிருமியைச் சூழ்ந்து அடைக்க உடல் அனுப்பும் அணுக்களும் புரதங்களும், கிருமி சுரக்கும் மெலனின் என்ற கறுப்பு நிறமியும் சேர்ந்து இறுகிய கூட்டு வேலை அது. உள்ளே பூஞ்சை, சுற்றிலும் வெள்ளணுக்கள். உடல் கிருமியைச் சிறைப்பிடிக்கிறது, ஆனால் அந்தச் சிறைச்சுவரே கிருமிக்கு அரணாகிவிடுகிறது. மெலனின் இருக்கும்போது பூஞ்சைக்கொல்லி மருந்துகளின் வீரியம் பல மடங்கு குறைவது சோதனைகளில் தெரிந்திருக்கிறது. ஆய்வகத்தில் நன்றாக வேலை செய்யும் மருந்து காலில் தோற்றுப்போவதற்கு இது முக்கியமான காரணம்.

ஒருவருக்கு வந்து மற்றவருக்கு வராததற்கான விடையும் கிருமியும் உடலும் மோதும் இந்தச் சந்திப்பில்தான் இருக்கிறது. சூடானில் நோய் மிகுந்த பகுதிகளில், நோயே இல்லாதவர்களின் இரத்தத்திலும் மதுரெல்லாவுக்கு எதிரான எதிர்ப்பொருள்கள் இருந்தன. அதாவது கிருமி பலர் உடலிலும் புகுகிறது. பெரும்பாலோர் தெரியாமலே அதை வென்றுவிடுகிறார்கள். வெல்ல முடியாதவர்களின் மரபணுக்களை ஆராய்ந்தபோது, கிருமியை முதலில் எதிர்கொள்ளும் நியூட்ரோபில் என்ற வெள்ளணுவின் செயலோடு தொடர்புள்ள சில மரபணு மாறுபாடுகள் அவர்களிடம் மிகுந்திருந்தன. பூஞ்சையின் சுவரில் உள்ள கைட்டினைச் சிதைக்கும் நொதியின் வேலை மந்தமாக இருப்பதும் நோயோடு தொடர்புடையதாகத் தெரிந்தது. எனவே இதை வெறும் ‘கிருமி நோய்’ என்பது பாதி உண்மைதான்.

முள்ளின் மேல் பழி போடுவதிலும் கொஞ்சம் நிதானம் வேண்டும். சூடானில் எடுத்த மாதிரிகளில், முள்ளில் கிடைத்ததைவிட மண்ணிலேயே மதுரெல்லாவின் மரபுப்பொருள் அதிகம் கிடைத்தது. இப்பூஞ்சையின் நெருங்கிய உறவுகள் சாணத்தில் வளர்பவை என்பதால், மாட்டுத்தொழுவச் சூழலோடும் தொடர்பிருக்கலாம் என்று ஒரு சாரார் கருதுகிறார்கள். கருவேலமும் சீமைக்கருவேலமும் மாடுகளும் நிறைந்த சிவகங்கைச் சீமைக்கு இது பொருந்தாத பேச்சல்ல.

சிகிச்சையில் முதல் கேள்வி, பூஞ்சையா பாக்டீரியாவா என்பது. ஒன்றுக்கான மருந்து மற்றதற்குப் பயன்படாது. குருணையை நுண்ணோக்கியில் பார்த்தால் பாக்டீரியா இழை ஒரு மைக்ரோமீட்டருக்கும் மெலிந்திருக்கும், பூஞ்சை இழை அதைவிடப் பல மடங்கு பருத்திருக்கும். கட்டுத் துணியில் ஒட்டிய குருணையைக்கூட மருத்துவரிடம் கொண்டுபோய்க் காட்டலாம். கழுவி எறிந்துவிடக் கூடாது. பாக்டீரியா வகைக்குக் கோ-டிரைமாக்சசோல் மாத்திரையும் அமிக்காசின் ஊசியும் சுற்றுச் சுற்றாகக் கொடுக்கப்படுகின்றன. அமிக்காசின் செவியையும் சிறுநீரகத்தையும் பாதிக்கக்கூடியது என்பதால் கண்காணிப்பு தேவை. பூஞ்சை வகைக்கு இட்ராகோனசோல் மாதக்கணக்கில், சில சமயம் ஆண்டுக்கணக்கில் உண்டு. கூடவே அறுவைச் சிகிச்சையும் வேண்டியிருக்கும். முற்றிப்போனால் காலை எடுக்க நேர்கிறது.

புது மருந்து வந்திருப்பது உண்மைதான். அதன் பெயர் ஃபோஸ்ராவுகோனசோல். ஜப்பானில் நகப்பூஞ்சைக்காக 2018-இல் அனுமதி பெற்றது. சூடானின் கார்ட்டூம் நகரிலுள்ள மைசெட்டோமா ஆய்வு மையத்தில் பூஞ்சை வகை நோயாளிகள் 104 பேரிடம் இது சோதிக்கப்பட்டு, முடிவு 2024-இல் வெளியானது. தினமும் இருவேளை உணவோடு எடுக்கும் இட்ராகோனசோலுக்கு ஏறக்குறைய ஈடான பலனை, வாரம் ஒருமுறை எடுக்கும் இம்மருந்து தந்தது. கூலி வேலைக்குப் போகிறவருக்கு இந்த வேறுபாடு சிறியதல்ல. ஆனால் அந்தச் சோதனையிலும் மருந்தோடு அறுவைச் சிகிச்சையும் சேர்ந்தே இருந்தது. மாத்திரை மட்டுமே தீர்த்துவிடும் என்று இதைப் படிக்கக் கூடாது. உலக சுகாதார அமைப்பு இந்நோயைப் புறக்கணிக்கப்பட்ட வெப்பமண்டல நோய்களின் பட்டியலில் சேர்த்ததே 2016-இல்தான். சோதனை நடந்த கார்ட்டூம் மையமோ, 2023-இல் தொடங்கிய உள்நாட்டுப் போரில் பல்லாண்டு ஆவணங்களோடு அழிந்துபோனது.

கேள்வி: இது வீட்டில் மற்றவர்களுக்கு ஒட்டுமா?

பதில்: ஒட்டாது. ஒருவரிடமிருந்து மற்றவருக்குப் பரவும் நோயல்ல இது. தட்டு, பாய், துணியைத் தனியே ஒதுக்க வேண்டியதில்லை. தைத்த முள்ளை அன்றே முழுதாக எடுத்துச் சோப்புப் போட்டுக் கழுவுவதும், வயலிலும் தொழுவத்திலும் பாதத்தை மூடும் செருப்பு அணிவதும் பாதுகாப்பு. முள் தைத்த இடத்தில் பல வாரங்கள் கழித்து வலியில்லாத கட்டி தென்பட்டால், வலி வரட்டும் என்று காத்திராமல் சிவகங்கை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ மதுரை அரசு இராசாசி மருத்துவமனையிலோ தோல் பிரிவில் காட்டலாம். கட்டி சிறிதாக இருக்கும்போதே முழுதாக அகற்றிவிடுவது எளிது.