பதவியை எடுப்பது இலகு, கணக்கைத் திறப்பதுதான் கஷ்டம்

சில மாதங்களுக்கு முன்னர் ஒரு பள்ளிவாசலில் வழக்கொன்றைப் பேசித் தீர்க்க என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். வழக்காளி 15 வயதில் கொழும்புக்கு வந்து ஒரு கடையில் சேர்ந்தவர். 22 வருடங்கள் அங்கேயே இருந்திருக்கிறார். இன்ன சம்பளம் என்று ஒரு நாளும் பேசப்படவில்லை. பெருநாளைக்கு உடுப்பு, ஊருக்குப் போகும்போது கையில் ஒரு தொகை, தங்கச்சியின் கலியாணத்துக்குக் கொஞ்சம் பெரிய தொகை. "நீ என் பிள்ளை மாதிரி, நான் பார்த்துக்கொள்வேன்" என்பது முதலாளியின் வாக்கு. முதலாளி மௌத்தான பின் பிள்ளைகள் கொப்பியைப் புரட்டினார்கள். கொடுத்ததெல்லாம் அவர் பேரில் பற்றாக எழுதப்பட்டிருந்தது. சம்பளப் பக்கம் வெறுமை. அவர் கடையில் பங்கு கேட்டார், இவர்கள் கடனைத் திருப்பிக் கேட்டார்கள். "இவர் பங்காளியா, கூலிக்காரரா, கடன்காரரா?" என்று மௌலவி கேட்டார். சபையில் யாரிடமும் பதில் இல்லை.

அதே வாரம் ஒரு இளம் வியாபாரி என்னிடம், "நானா, வெளிநாடுகளில் முகாமையாளர் இல்லாமல், பதவிப் பெயர் இல்லாமல், நிலையான சம்பளமும் இல்லாமல் கம்பனி நடத்துகிறார்களாம். நாங்களும் செய்து பார்த்தால் என்ன?" என்று கேட்டார். "தம்பி, எங்கள் கடைகளில் எத்தனையோ ஏற்கனவே அப்படித்தான் நடக்கின்றன" என்றேன். அவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவர் கேள்விப்பட்டது உண்மைதான், ஆனால் பாதியைத்தான் கேள்விப்பட்டிருக்கிறார்.

இந்த விடயத்தில் அதிகம் பேசப்பட்ட நிறுவனம் பிரேசில் நாட்டின் சாவோ போலோ நகரில் இருந்த செம்கோ. கப்பல்களுக்குப் பம்பு செய்த தொழிற்சாலை. 1980 இல் தகப்பனிடமிருந்து பொறுப்பை ஏற்றபோது மகன் ரிகார்டோ செம்லருக்கு வயது 21. முதல் நாளே மேல்மட்ட முகாமையாளர்களில் பாதிக்கும் மேற்பட்டோரை வீட்டுக்கு அனுப்பினார். (வாப்பாவின் கடையைப் பொறுப்பெடுக்கும் மகன்மாருக்கு இதை நான் சிபாரிசு செய்யவில்லை.) பிறகு படிப்படியாக அடுக்குகளைக் குறைத்து, ஆலோசகர், பங்காளர், இணைப்பாளர், சகா என நான்கு பெயர்களோடு நிறுத்திக்கொண்டார்.

ஆனால் பெயரைக் குறைத்தது சிறிய வேலை. பெரிய வேலை வேறொன்று. ஒவ்வொரு ஊழியருக்கும் மாதந்தோறும் தனது பிரிவின் ஐந்தொகை, இலாப நட்டக் கணக்கு, காசுப் பாய்ச்சல் கூற்று ஆகியவை கொடுக்கப்பட்டன. இதை வாசிக்கத் தெரியாத தொழிலாளிக்கு என்ன பிரயோசனம் என்று கேட்பீர்கள். அதற்காகவே தொழிற்சங்கத்தோடு சேர்ந்து வகுப்பு நடத்தினார்கள். துப்புரவுத் தொழிலாளி வரை கணக்கு வாசிக்கப் படித்தார்கள்.

அடுத்தது இலாபம். வருடத்தில் இரு தடவை, வரி போக மிஞ்சிய இலாபத்தில் 23 வீதம் ஒவ்வொரு பிரிவுக்கும் ஒதுக்கப்பட்டது. அந்தப் பிரிவினர் தெரிவு செய்த மூவரிடம் காசோலை போய்ச் சேரும். எப்படிப் பங்கிடுவது என்பதை ஊழியர்களே கூடி வாக்கெடுத்துத் தீர்மானிப்பார்கள். பெரும்பாலான பிரிவுகளில் ஆளுக்குச் சமமாகவே பங்கிட்டார்கள். கவனியுங்கள், இந்த 23 வீதம் சம்பளத்துக்குப் பதிலாக அல்ல, சம்பளத்துக்கு மேலாக.

தங்கள் சம்பளத்தைத் தாங்களே நிர்ணயிக்கும் முறை அதன் பின்னர்தான், அதுவும் சிறிது சிறிதாக வந்தது. வெளியே இதே வேலைக்கு என்ன கிடைக்கிறது, உள்ளே இதே தகைமை உள்ளவர் என்ன எடுக்கிறார், தனக்குக் குடும்பம் நடத்த எவ்வளவு வேண்டும் என்று பார்த்து ஒரு தொகையைச் சொல்ல வேண்டும். இலாபம் எவ்வளவு என்பது எல்லோருக்கும் தெரிந்த இடத்தில் அளவு மீறிக் கேட்க வெட்கம் வரும். கணக்கு மூடியிருக்கும் கடையில் இதே முறையைக் கொண்டுவந்தால், பயந்தவன் குறைவாகக் கேட்பான், துணிந்தவன் கூட்டிக் கேட்பான். அவ்வளவுதான் நடக்கும்.

1990 இல் பிரேசில் அரசு வங்கிகளிலிருந்த சேமிப்புகளை முடக்கியது. விற்பனை படுத்துவிட்டது. செம்கோ ஊழியர்கள் சம்பளக் குறைப்புக்குச் சம்மதித்தார்கள், நிபந்தனையோடு. முகாமைக்கும் சம்பளம் வெட்ட வேண்டும், இலாபப் பங்கு கூட வேண்டும், செலவுகளுக்கு ஊழியர் தரப்பின் ஒப்புதலும் வேண்டும். அத்தனையும் ஏற்கப்பட்டன. 2022 இல் நமது நாடு நெருக்கடியில் விழுந்தபோது நானும் என் கடை ஊழியர்களிடம் சம்பளத்தைக் குறைப்பதாகச் சொன்னேன். ஒருவரும் எதிர்த்துப் பேசவில்லை. என் பேச்சை நம்பினார்களா, போக வேறு இடமில்லை என்று பேசாமல் இருந்தார்களா என்பது எனக்கு இன்றுவரை தெரியாது. கணக்கை நான் காட்டவில்லையே.

இதே வழியில் போன வேறு நிறுவனங்களும் உண்டு. அமெரிக்காவில் 1958 இல் தொடங்கிய கோர் நிறுவனத்தில் சக ஊழியரின் மதிப்பீட்டை வைத்தே ஊதியம் தீர்மானிக்கப்பட்டு வந்தது. எல்லோருக்கும் இது பிடிக்கும் என்றும் எண்ண வேண்டாம். சப்பாத்து விற்கும் சாப்போஸ் நிறுவனம் முகாமையாளர் பதவியை ஒழித்து, விரும்பாதவர்கள் பணம் பெற்றுக்கொண்டு விலகலாம் என்று 2015 இல் அறிவித்தபோது, நூற்றுக்குச் சுமார் 14 பேர் பணத்தை வாங்கிக்கொண்டு வெளியேறினார்கள்.

நமக்கு வருவோம். மார்க்கத்தில் இரண்டு வாசல்கள் தெளிவாக இருக்கின்றன. ஒருவரைக் கூலிக்கு அமர்த்தினால் அது இஜாரா, கூலி முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். ஒருவர் முதலும் மற்றவர் உழைப்பும் போட்டால் அது முளாரபா. இலாபத்தில் பாதி, மூன்றில் ஒன்று என்று விகிதம் பேச வேண்டும், குறித்த தொகை பேசக்கூடாது. நட்டம் வந்தால் முதல் போட்டவருடையது, உழைத்தவருக்கு உழைப்பு நட்டம். இரண்டு வாசலுக்கும் நடுவில் ஒரு மனிதரை 22 வருடம் நிறுத்தி வைத்ததுதான் அந்தக் கடையில் நடந்தது. நாட்டுச் சட்டமும் அப்படித்தான். ஊழியர் என்றால் ஆகக் குறைந்த சம்பளம் உண்டு. ஊழியர் சேமலாப நிதிக்கு நாம் 12 வீதமும் அவர் 8 வீதமும் கட்ட வேண்டும், நம்பிக்கை நிதியத்துக்கு நாம் 3 வீதம். "சம்பளம் இல்லை, பங்குதான்" என்று வாயால் சொல்லி இதிலிருந்து தப்ப முடியாது.

ஐந்தாறு பேர் வேலை செய்யும் கடையில் இதைச் செய்ய நினைப்பவர் மாதத்துக்கு ஒரு தாளோடு தொடங்கலாம். விற்பனை, சரக்கின் கொள்விலை, வாடகை, மின்சாரம், சம்பளம். இவை இலகு. கடைசியில் ஒரு வரி இருக்கிறது, முதலாளி வீட்டுக்கு எடுத்த பற்று. பிள்ளையின் பாடசாலைக் கட்டணமும், உம்ரா செலவும், வாகனத்துக்குப் பெற்றோலும் அந்த வரியில்தான் வரும். பேனா நிற்கும் இடம் அது. அந்த வரியை எழுதி, கடையில் நிற்பவர்களிடம் காட்ட மனம் வராதவர் பதவிப் பெயர்களை ஒழிக்கும் வேலையில் இறங்க வேண்டாம். பேசிய சம்பளத்தைத் தேதி தவறாமல் கொடுத்து வந்தாலே போதும்.

பள்ளிவாசல் வழக்கைப் பற்றிக் கேட்பீர்கள். கூலி பேசப்படாதபோது அந்த வேலைக்கு ஊர் வழக்கப்படி கிடைக்கும் கூலியைக் கொடுக்க வேண்டும் என்பது சட்டம். அதே தெருவின் பழைய வியாபாரிகள் இருவரை அழைத்து, வருடம் வருடமாக அந்தக் காலத்துச் சம்பளத்தைக் கேட்டு எழுதினோம். மூன்று அமர்வுகள் எடுத்தது. பற்றைக் கழித்த பிறகும் பிள்ளைகள்தான் அவருக்குக் கொடுக்க வேண்டியிருந்தது. இப்போது தவணையில் கொடுத்து வருகிறார்கள்.

முளாரபா ஒப்பந்தத்தில் என்னென்ன எழுதப்பட வேண்டும் என்பதை அடுத்த வாரம் பார்ப்போம், இன்ஷா அல்லாஹ்.