மெய்நிகர் கணினி: வேண்டாத பயமும் வேண்டிய எச்சரிக்கையும்

கேரளத்துப் பள்ளிகளில் கணினிப் பாடம் நடப்பது லினக்ஸில். திருவனந்தபுரம் பூஜப்புரையில் தலைமையகம் கொண்ட 'கைட்' என்ற அரசு நிறுவனம், உபுண்டுவை அடிப்படையாக வைத்துத் தயாரித்துத் தரும் 'கைட் குனு/லினக்ஸ்' இயங்குதளம்தான் ஆய்வகக் கணினிகளில் ஓடுகிறது. எஸ்.எஸ்.எல்.சி. ஐ.டி. தேர்வும் அதிலேயே. அந்நகரின் சாலைக் கடைத்தெருப் பக்கம் இருக்கும் அரசுத் தமிழ்ப் பள்ளியின் பிள்ளைகளுக்கும் இதே பாடம்தான். புத்தகம் மட்டும் தமிழில். ஆனால் வீட்டு லேப்டாப்பில் பெரும்பாலும் விண்டோஸ் இருக்கும். பெரியவர்கள் அலுவலக வேலைக்கும் கணக்குவழக்குக்கும் வைத்திருப்பது அது. அதில் இயங்குதளத்தை மாற்ற யாரும் சம்மதிக்கமாட்டார்கள்.

மாற்ற வேண்டிய அவசியமும் இல்லை. விர்ச்சுவல்பாக்ஸ் போன்ற ஒரு மென்பொருளை விண்டோஸில் நிறுவி, அதற்குள் கைட் லினக்ஸை முழு இயங்குதளமாகவே ஓட்டலாம். இதைத்தான் விர்ச்சுவல் மெஷின், மெய்நிகர் கணினி என்கிறோம். இப்படி ஒரு வழி இருப்பதைக் கேள்விப்பட்டும் பல வீடுகளில் தயங்குகிறார்கள். தயக்கத்துக்குச் சொல்லும் காரணங்கள் பெரும்பாலும் தவறானவை. துணிந்து இறங்கியவர்களில் பலரோ வேறு சில தவறான நம்பிக்கைகளோடு இறங்கிவிட்டு, பின்னால் கோப்புகளை இழக்கிறார்கள். தயங்குபவர்களைவிட இவர்களைப் பற்றித்தான் எனக்குக் கவலை அதிகம்.

"விண்டோஸ் அழிந்துவிடும்"

இந்தப் பயம் சும்மா வந்ததல்ல. ஒரே கணினியில் விண்டோஸையும் லினக்ஸையும் அடுத்தடுத்து நிறுவும் முறையில் ஹார்ட் டிஸ்க்கைப் பகிர்வுகளாகப் பிரிக்க வேண்டும். அங்கே ஒரு தவறான சொடுக்கில் மொத்தமும் போய்விடும். அப்படிப் பறிகொடுத்தவர் தெருவுக்கு ஒருவராவது இருப்பார்.

மெய்நிகர் கணினியில் அந்த ஆபத்து இல்லை. உள்ளே ஓடும் லினக்ஸ் தன்னுடைய 'ஹார்ட் டிஸ்க்' என்று நினைத்துக்கொண்டிருப்பது, விண்டோஸில் இருக்கும் ஒரு பெரிய கோப்பை. நிறுவும்போது உபுண்டு நிறுவி, "டிஸ்க் முழுவதையும் அழித்துவிட்டு நிறுவட்டுமா" என்று கேட்கும். பாதிப் பேர் பயந்து மூடிவிடுவது அந்த இடத்தில்தான். அது அழிக்கப்போவது அந்தக் கோப்பின் உள்ளடக்கத்தை மட்டுமே. தாராளமாக ஒப்புதல் கொடுக்கலாம். நீங்கள் பார்த்துக்கொண்டிருப்பது விர்ச்சுவல்பாக்ஸின் ஜன்னல்தானா என்று மட்டும் உறுதிசெய்துகொள்ளுங்கள். பென் டிரைவ் வழியாகக் கணினியையே துவக்கியிருந்தால் இதே கேள்விக்கு அர்த்தம் வேறு.

இன்னொரு சந்தேகம்: உபுண்டு 22.04-க்கு 25 ஜிபி இடம் கேட்கிறார்களே, அவ்வளவும் உடனே போய்விடுமா? போகாது. வழக்கமான அமைப்பில் அந்தக் கோப்பு சிறியதாகத் தொடங்கி, உள்ளே எழுத எழுத வளரும். ஆனால் உள்ளே கோப்புகளை அழித்தால் அது தானாகச் சுருங்காது. சில மாதம் கழித்து விண்டோஸில் இடம் குறைந்துபோவதற்கு இதுதான் காரணம்.

"இதெல்லாம் நேற்று வந்த வித்தை"

ஐபிஎம் ஆய்வாளர்கள் 1960களிலேயே பெரிய கணினி ஒன்றுக்குள் பல மெய்நிகர் கணினிகளை ஓட்டிவிட்டார்கள். 1972-இல் அது விஎம்/370 என்ற பெயரில் வெளியிடப்பட்டது. மேசைக் கணினிகளின் எக்ஸ்86 சில்லுகள் இதற்கு ஏற்றவையாக வடிவமைக்கப்படவில்லை. அந்தக் குறையை மென்பொருள் வித்தையால் தாண்டி விஎம்வேர் நிறுவனம் 1999-இல் ஒர்க்ஸ்டேஷனைக் கொண்டுவந்தது. இன்டெல் 2005-இலும் ஏஎம்டி 2006-இலும் சில்லுக்குள்ளேயே அதற்கான வசதியைச் சேர்த்தன. இன்று மேகக் கணிமை என்று நாம் பயன்படுத்துவதில் பெரும்பகுதி இதே அடித்தளத்தின்மேல்தான் நிற்கிறது.

"ஆமை வேகத்தில்தான் ஓடும்"

ஓடலாம், ஆனால் அதற்குக் காரணம் மெய்நிகர் கணினி என்ற ஏற்பாடு அல்ல. உள்ளே ஓடும் லினக்ஸின் கட்டளைகளில் பெரும்பாலானவற்றை உங்கள் சில்லு நேரடியாகவே நிறைவேற்றுகிறது. ஒவ்வொரு கட்டளையையும் இடையில் யாரும் மொழிபெயர்த்துக்கொண்டிருப்பதில்லை. ஜியோஜீப்ராவில் வட்டம் வரைய, ஸ்கிராட்சில் கட்டளைத் துண்டுகளை அடுக்க, கிம்ப்பில் படம் திருத்த, பைத்தானில் நாலு வரி எழுத இந்த வேகம் போதும். முப்பரிமாண வேலைக்கு மட்டும் போதாது. மெய்நிகர் கணினிக்கு உங்கள் கிராஃபிக்ஸ் சில்லு முழுதாகக் கிடைப்பதில்லை என்பதால் பிளெண்டர் போன்றவை திணறும்.

மற்ற மந்தத்துக்கெல்லாம் காரணத்தைத் தேடிப் பிடிக்கலாம். முதலில் விண்டோஸின் டாஸ்க் மேனேஜரைத் திறந்து, பெர்ஃபார்மன்ஸ் பக்கத்தில் சிபியுவின் கீழே 'விர்ச்சுவலைசேஷன்' என்ற வரியைப் பாருங்கள். அது முடக்கப்பட்டிருந்தால், கணினி துவங்கும்போது திறக்கும் பயாஸ் அமைப்புக்குள் போய் இயக்க வேண்டும். இன்டெல் கணினிகளில் விடி-எக்ஸ் என்றும் ஏஎம்டி கணினிகளில் பெரும்பாலும் எஸ்விஎம் என்றும் அந்த அமைப்புக்குப் பெயர் இருக்கும். விர்ச்சுவல்பாக்ஸ் 6.1 பதிப்பிலிருந்து இது இல்லாமல் எதுவுமே ஓடாது.

அடுத்தது, மெய்நிகர் கணினியின் ஜன்னலில் கீழ் வலது மூலை. அங்கே சிறிய பச்சை ஆமைப் படம் தெரிந்தால், சில்லின் அந்த வசதியை விண்டோஸின் சொந்த மெய்நிகர் ஏற்பாடான ஹைப்பர்-வி ஏற்கெனவே கையில் வைத்திருக்கிறது என்று பொருள். விர்ச்சுவல்பாக்ஸ் அதன்மேல் ஏறி ஓடுவதால் வேகம் குறைகிறது. விண்டோஸ் 11-இன் 'மெமரி இன்டெக்ரிட்டி' என்ற பாதுகாப்பும் ஹைப்பர்-வியின் துணையோடுதான் வேலை செய்கிறது. வேகத்துக்காக அதை அணைக்கச் சொல்லும் காணொளிகள் நிறைய உலவுகின்றன. வீட்டுக் கணினியில் அதை அணைக்காதீர்கள் என்பதே என் கருத்து. பிள்ளையின் பயிற்சிக்கு ஆமை வேகமே போதும். வங்கிக் கணக்கைத் திறக்கும் அதே கணினியில் பாதுகாப்பைக் கழற்றுவது நியாயமான விலை அல்ல.

மூன்றாவது, ரேம். 8 ஜிபி உள்ள கணினியில் லினக்ஸுக்கு 4 ஜிபி கொடுக்கலாம். 'அதிகம் கொடுத்தால் வேகம் கூடும்' என்று 6, 7 என்று ஏற்றினால் விண்டோஸுக்கு மூச்சு முட்டும், இரண்டும் சேர்ந்து நிற்கும். சில்லின் கோர்களையும் பாதிக்குமேல் கொடுக்காமல் இருப்பது நல்லது. எஸ்எஸ்டி இல்லாமல் பழைய சுழலும் ஹார்ட் டிஸ்க் இருந்தால், வேறு எதைச் சரிசெய்தும் பெரிய மாற்றம் தெரியாது. திரை தபால்தலை அளவுக்கு நின்றுவிட்டால் உள்ளே ஓடும் லினக்ஸில் 'கெஸ்ட் அடிஷன்ஸ்' என்ற துணை மென்பொருள் நிறுவப்படவில்லை என்பதுதான் காரணம்.

தமிழ்ப் பிள்ளைகளுக்கு வரும் சிக்கல் ஒன்றையும் இங்கே சொல்லிவிடுகிறேன். விண்டோஸில் தமிழ் விசைப்பலகை வைத்திருப்போம். லினக்ஸ் ஜன்னலுக்குள் போனதும் ஆங்கில எழுத்துகளாக விழும். விசையை அழுத்திய செய்தி மட்டும்தான் உள்ளே போகிறது, விண்டோஸின் தமிழ் மாற்றம் கூடவே போவதில்லை. உபுண்டுவின் விசைப்பலகை அமைப்பில் தமிழ்நெட் 99 இருக்கிறது. அதை உள்ளேயே சேர்த்துக்கொள்ள வேண்டும். சுட்டி உள்ளே மாட்டிக்கொண்டு வெளிவராவிட்டால் வலப்பக்கக் கன்ட்ரோல் விசையை ஒருமுறை தட்டினால் போதும்.

"உள்ளே என்ன நடந்தாலும் வெளியே வராது"

இதுதான் எனக்கு மிகவும் கவலை தரும் நம்பிக்கை. சந்தேகமான மென்பொருள், யாரோ அனுப்பிய இணைப்பு, திருட்டுப் பிரதி என எதையும் மெய்நிகர் கணினிக்குள் திறந்து பார்க்கலாம், நம் விண்டோஸுக்கு ஒன்றும் ஆகாது என்று கணினி நன்கு தெரிந்தவர்களே சொல்கிறார்கள்.

மெய்நிகர் கணினிக்குச் சுவர் உண்டு, அது வலுவானதும்கூட. ஆனால் அந்தச் சுவரில் கதவு வைப்பது நாம்தான். கோப்புகளை எளிதாக மாற்றிக்கொள்ள 'ஷேர்டு ஃபோல்டர்' வைக்கிறோம். விண்டோஸின் ஆவணக் கோப்புறை முழுவதையும் அப்படித் திறந்துவிட்டால், உள்ளே நுழைந்த ரேன்சம்வேர் அந்த ஆவணங்களையும் பூட்டிவிடும். சுவரை உடைக்க வேண்டிய தேவையே அதற்கு இல்லை. இருபக்கமும் நகலெடுக்கும் 'கிளிப்போர்டு' வைத்திருந்தால், விண்டோஸில் நீங்கள் நகலெடுத்த கடவுச்சொல்லை உள்ளிருக்கும் நிரலும் படிக்கலாம். விர்ச்சுவல்பாக்ஸ் இயல்பாகத் தரும் 'நாட்' என்ற நெட்வொர்க் இணைப்பில்கூட உள்ளிருக்கும் கணினியால் வீட்டு நெட்வொர்க்கில் உள்ள மற்ற கருவிகளை எட்ட முடியும்.

சுவரும் எப்போதாவது விரிசல் விடுவதுண்டு. 2015 மே மாதம் வெளிவந்த 'வெனம்' என்ற ஓட்டை அப்படிப்பட்டது. மெய்நிகர் கணினிகளுக்குப் போலி ஃபிளாப்பி டிரைவ் தரும் நிரலில் 2004 முதல் இருந்துவந்த பிழை அது. ஃபிளாப்பியை யாருமே தொடாத காலத்தில், அந்த நிரல் வழியாக உள்ளிருந்து வெளியே வர வாய்ப்பு இருந்தது. கியூஎம்யூ, கேவிஎம், ஸென், விர்ச்சுவல்பாக்ஸ் எல்லாம் அதற்குத் திருத்தம் வெளியிட வேண்டியிருந்தது. ஆகவே விர்ச்சுவல்பாக்ஸையும் உள்ளே ஓடும் லினக்ஸையும் தனித்தனியாகப் புதுப்பித்துக்கொண்டே இருங்கள். பகிரும் கோப்புறை வேண்டுமென்றால் அதற்கென்று காலியான ஒன்றை உருவாக்கிக்கொள்ளுங்கள்.

அச்சகம், டிடிபி கடை நடத்துவோருக்கும் இது பொருந்தும். பழைய பேஜ்மேக்கருக்காகவும் யுனிகோடுக்கு முந்தைய தமிழ் எழுத்துருக்களுக்காகவும் விண்டோஸ் எக்ஸ்பியை மெய்நிகர் கணினிக்குள் உயிரோடு வைத்திருப்பவர்கள் உண்டு. பழைய புத்தகக் கோப்புகளைக் காப்பாற்ற அது அருமையான வழி, மனமாரப் பரிந்துரைப்பேன். ஆனால் எக்ஸ்பிக்கான வழக்கமான பாதுகாப்புத் திருத்தங்கள் 2014 ஏப்ரல் 8-உடன் நின்றுவிட்டன. அதற்கு நெட்வொர்க் அட்டையே இல்லாதபடி அமைத்துவிடுங்கள்.

"ஸ்னாப்ஷாட் இருக்கிறது, பேக்கப் எதற்கு?"

மெய்நிகர் கணினியின் ஒரு நிலைக்குப் பிறகு திரும்பிவர ஸ்னாப்ஷாட் எடுத்தால், அந்த நிமிடத்துக்குப் பிறகு நடக்கும் மாற்றங்கள் மட்டும் வேறு கோப்பில் எழுதப்படும். அடிப்படைக் கோப்பு கெட்டால் ஸ்னாப்ஷாட்டும் பயனற்றது. இரண்டும் இருப்பது ஒரே டிஸ்க்கில். டிஸ்க் செத்தால் இரண்டும் சேர்ந்தே போகும். 'இடத்தை அடைக்கிறதே' என்று அந்தக் கோப்புகளில் ஒன்றை விண்டோஸ் எக்ஸ்ப்ளோரர் வழியாக அழித்தாலும் சங்கிலி அறுந்துவிடும். தேர்வுக்கு முந்தைய வாரம் பிள்ளையின் செய்முறைக் கோப்புகள் மொத்தமும் போய்விட்டன என்று அழுகுரலில் வரும் அழைப்புகளின் பின்னணி பெரும்பாலும் இதுதான். மெய்நிகர் கணினியை நிறுத்திவிட்டு அதன் முழுக் கோப்புறையையும் வெளி டிஸ்க்குக்கு நகலெடுப்பதுதான் பேக்கப்.

"விர்ச்சுவல்பாக்ஸ் இலவசம், உள்ளே போடுவதும் இலவசம்"

கைட் லினக்ஸைப் பொறுத்தவரை அப்படித்தான். அதற்குப் பின்னால் திருவனந்தபுரத்தின் வரலாறு இருக்கிறது. 2001 ஜூலையில் கட்டற்ற மென்பொருள் இயக்கத்தைத் தொடங்கிய ரிச்சர்ட் ஸ்டால்மன் இங்கே வந்து இந்தியக் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையைத் தொடங்கிவைத்தார். பள்ளிகளுக்கான ஐ.டி. அட் ஸ்கூல் திட்டமும் அதே காலத்தில் தொடங்கியது. 2017-இல் அதுவே கைட் ஆனது. 2019-இல் கைட் லினக்ஸின் 18.04 பதிப்பு வந்தபோது, 2 லட்சத்துக்கும் அதிகமான கணினிகளில் அது நிறுவப்படும், உரிமக் கட்டணத்தில் 3,000 கோடி ரூபாய் மிச்சமாகும் என்று கைட் கணக்குச் சொன்னது.

விண்டோஸை உள்ளே நிறுவினால் கதை வேறு. மெய்நிகர் கணினியும் உரிமக் கணக்கில் ஒரு கணினிதான். லேப்டாப்போடு வந்த உரிமம் அந்த லேப்டாப்பில் நேரடியாக ஓடும் விண்டோஸுக்கு மட்டும். பழகிப் பார்க்க மட்டும் வேண்டுமென்றால் மைக்ரோசாஃப்ட் தரும் 90 நாள் சோதனைப் பதிப்பு உண்டு. விர்ச்சுவல்பாக்ஸிலும் கவனம் வேண்டும். அதன் அடிப்படைத் தொகுப்புதான் கட்டற்ற மென்பொருள். தனியாகப் பதிவிறக்கும் 'எக்ஸ்டென்ஷன் பேக்' சொந்தப் பயன்பாட்டுக்கும் கல்விக்கும்தான் இலவசம். நிறுவனங்கள் ஆரக்கிளுக்குப் பணம் கட்ட வேண்டும். டெக்னோபார்க் ஐ.டி. நிறுவனங்களில் வேலை பார்ப்பவர்கள் அலுவலகக் கணினியில் அதை நிறுவுமுன் நிர்வாகத்திடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுவது நல்லது. விஎம்வேர் ஒர்க்ஸ்டேஷன் புரோ 2024 நவம்பர் முதல் எல்லாருக்கும் இலவசம்.

"எந்தக் கணினியிலும் ஓட்டிவிடலாம்"

ஓட்ட முடியாது. 2020 இறுதி முதல் வந்த எம் வரிசைச் சில்லுகள் கொண்ட மேக் கணினிகள் ஆர்ம் வகையைச் சேர்ந்தவை. பள்ளிக் கணினிகளுக்காகத் தயாரான கைட் லினக்ஸ் எக்ஸ்86 வகைக்கு உரியது. மேக்கில் அதை ஓட்ட ஒவ்வொரு கட்டளையையும் மொழிபெயர்க்கும் எமுலேட்டர் வேண்டும். அங்கே மெதுவாக ஓடுகிறது என்ற புகார் முற்றிலும் உண்மை.

4 ஜிபி ரேம் மட்டும் உள்ள பழைய லேப்டாப்பும் இதற்கு ஆகாது. இரண்டு இயங்குதளங்களை ஒரே நேரத்தில் தாங்க அதனால் முடியாது. அது விண்டோஸ் 10 கணினியாக இருந்தால் 2025 அக்டோபர் 14-உடன் அதற்கான வழக்கமான ஆதரவும் முடிந்துவிட்டது. அப்படிப்பட்ட கணினியில் மெய்நிகர் கணினியை மறந்துவிட்டு, லினக்ஸை நேரடியாகவே நிறுவுங்கள். அதற்கு முன் படங்களையும் ஆவணங்களையும் வெளி டிஸ்க்குக்கு எடுத்துவிட்டு, ஒருநாள் பென் டிரைவிலிருந்தே லினக்ஸை ஓட்டி, வைஃபை, ஒலி, பிரிண்டர் மூன்றும் வேலை செய்கின்றனவா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.